ஜப்பான் டிஎக்ஸ்7: எந்தப் பற்றரி, எந்தப் பவர் சப்ளை?

ஜப்பானில் பாவித்த யமஹா டிஎக்ஸ்7 ஒன்று கொழும்பில் கைக்கு வந்தால் இரண்டு வேலை காத்திருக்கும். 1983இல் வந்த கீபோர்ட் அது. உள்ளே சேமித்திருக்கும் 32 குரல்களை, அதாவது ஒலி அமைப்புகளை, காப்பது போர்டோடு சோல்டர் பண்ணிய ஒரு சிஆர்2032 லித்தியம் பற்றரி. பின்பக்கத் தகட்டில் 100 வோல்ட் என்று இருக்கும். நம் சுவரில் வருவது 230. இரண்டுக்கும் பல வழிகள் சொல்கிறார்கள். எது நல்லது என்று பார்க்கும்போது நான் முதலில் கேட்பது, நாளைக்கு வேறொருவர் அதைத் திறந்தால் பழையபடி ஆக்க முடியுமா என்பதைத்தான்.

பற்றரியைத் தொட முன் உள்ளே இருப்பதை வெளியே எடுத்துவிடுங்கள். ஃபங்ஷன் பொத்தானை அழுத்தி 14ஐத் தட்டினால் பற்றரி வோல்ட் திரையில் வரும். புதியதென்றால் 3க்குச் சற்று மேல் காட்டும். குரல்கள் இருக்கும் ராம் என்ற நினைவகச் சிப்புகள் நினைவைப் பிடித்து வைக்க 2 வோல்ட் அளவாவது வேண்டும், 2.5க்குக் கீழே போய்விட்டால் தள்ளிப்போட வேண்டாம். பிறகு அதே ஃபங்ஷனில் 8ஐத் தட்டி, திரையில் வரும் சிஸ் இன்ஃபோவை அவெயில் ஆக்கி, இசைக்கருவிகளை இணைக்கும் மிடி வயர் வழியாகக் கணினிக்கு அனுப்புங்கள். 32 குரல்களும் சேர்ந்து 4104 பைட்தான். மிடி வேகத்தில் ஒன்றரை விநாடிகூட ஆகாது. இத்தனை சின்ன வேலையை விட்டுவிட்டு, யாரோ ஒரு பாடகர் குழுவுக்காக வருடக்கணக்கில் திருத்திய குரல்களை இழந்தவர்களைப் பார்க்கும்போது மனம் நோகிறது.

இனிப் பற்றரி. முதல் வழி, சோல்டர் பண்ணுவதற்கென உலோகக் கால் வைத்த அதே வகைப் பற்றரியை வாங்கிப் பழைய இடத்திலேயே சோல்டர் பண்ணுவது. தோற்றம் அசல்போல இருக்கும், தொடுபுள்ளி தளராது. ஆனால் கால் வைத்த பற்றரி இங்கே எல்லாக் கடையிலும் கிடைக்காது. கிடைக்கவில்லையென்று சாதாரணப் பற்றரியின் மேலேயே சோல்டர் வைப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள், அந்தச் சூட்டில் பற்றரி வெடிக்கக்கூடும்.

இரண்டாவது வழி ஹோல்டர், பற்றரியைச் செருகி எடுக்கும் சின்னக் கூடு. நான் எடுப்பது இதைத்தான். பழையதின் கால்களில் உள்ள சோல்டரை விக் என்ற செப்புப் பின்னலால் உறிஞ்சி எடுக்க வேண்டும். இழுத்துப் பிடுங்கினால் போர்டின் செப்புத் தடமும் சேர்ந்து வரும். அதே இரண்டு துளையில் சிவப்பும் கறுப்புமாக மெல்லிய வயர் இரண்டு. ஹோல்டரை இரட்டைப்பக்க ஒட்டுநாடாவால் பெட்டியின் அடித்தகட்டில் ஒட்டிவிடலாம். அடுத்த முறை மூடியைத் திறந்து பற்றரியை மாற்றினால் போதும், சோல்டர் வேலையே இல்லை. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் கடல் காற்றில் மலிவான ஹோல்டரின் தகடு பச்சை பிடிக்கும். ஆகவே இறுக்கமான ஸ்பிரிங் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

சார்ஜ் ஆகும் எல்ஐஆர்2032ஐப் போடலாமே என்று கேட்பவர்களும் உண்டு. டிஎக்ஸ்7இல் அதைச் சார்ஜ் பண்ணும் சர்க்கியூட் கிடையாது, ஆகவே பயனில்லை. கோர்க் பாலிசிக்ஸ் என்ற இன்னொரு பழைய கீபோர்டின் நிலைமை நேர்மாறு: அதில் இருப்பது சார்ஜ் ஆகும் நிக்கல் கட்மியம். அது கசிந்து போர்டையே தின்றுவிடும். அங்கே லித்தியம் போடுவதென்றால் சார்ஜ் வரும் பாதையைத் துண்டித்தே ஆக வேண்டும்.

மூன்றாவது எஃப்ராம், பற்றரியே தேவைப்படாத நினைவகச் சிப். எண்ணம் அழகானது. ஆனால் சிப்பை இயக்கும் சிப் எனேபிள் சமிக்ஞை ஒவ்வொரு முறையும் மேலே போய்க் கீழே இறங்கும்போதுதான் எஃப்ராம் முகவரியைப் பிடிக்கும். பழைய ராமின் இடத்தில் அப்படியே செருகினால் எல்லாக் கீபோர்டிலும் வேலை செய்யும் என்று நம்ப முடியாது. பல வருடம் தாங்கும் ஒரு சின்னப் பற்றரிக்காகச் சிப்புகளைக் கழற்றுவதை நான் ஏற்கமாட்டேன்.

பவர் விஷயத்தில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில், வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்போர்மர் என்று கேட்டால் பெரும்பாலும் 110 வோல்ட் ஒன்றைத்தான் நீட்டுவார்கள். 100 வோல்ட் பெட்டிக்கு அது பத்து வீதம் கூட. பத்து வீதம்தானே என்று விடலாமா? கணக்குப் பாருங்கள். வோல்ட்டை 5இல் நிலையாக வைக்கும் ரெகுலேட்டருக்கு 9 வோல்ட் போய், ஒரு அம்பியர் ஓடினால், வீணாகும் சூடு 4 வாட். அந்த 9, 9.9 ஆனால் 4.9 வாட். வோல்ட் பத்து வீதம் ஏற, சூடு இருபது வீதத்துக்கு மேல் ஏறிவிட்டது. ஏற்கெனவே நாற்பது வயதான கெப்பாசிட்டர்களுக்குப் பக்கத்தில், கொழும்பின் வெக்கையில். ஆகவே 100 வோல்ட் என்று வாய்விட்டுக் கேட்டு வாங்குங்கள், வீட்டில் மீட்டர் வைத்துப் பாருங்கள். ஒற்றைச் சுருள் ஓட்டோ டிரான்ஸ்போர்மர் மலிவு. இரண்டு சுருளும் பிரிந்தது பாரமும் விலையும் கூட. கையால் தொட்டு வாசிக்கும் உலோகப் பெட்டிக்குப் பிரிந்ததே பாதுகாப்பு.

உள்ளே உள்ள டிரான்ஸ்போர்மரையே 230க்கு மாற்றுவது இதைவிடச் சுத்தம். கச்சேரிக்குத் தூக்கிக்கொண்டு போகிறவருக்கு வெளிப்பெட்டி தொல்லை. பதற்றத்தில் யாராவது அதை மறந்து நேரே சுவரில் செருகினால் கீபோர்ட் அத்தோடு முடிந்தது. வெளிவரும் பக்கத்தில் அதே வோல்ட் அளவுகள் வரும்படி சுற்றித் தருபவர் கிடைத்தால் இதைச் செய்யுங்கள், பழையதைப் பத்திரமாக வையுங்கள்.

பழைய டிரான்ஸ்போர்மர் சப்ளைக்குப் பதிலாக, இக்காலச் சார்ஜர்களில் உள்ளதுபோன்ற ஸ்விட்ச் மோட் சப்ளை வைப்பதை நான் விரும்பவில்லை. 230 ஏறினாலும் இறங்கினாலும் அது சமாளிக்கும், சூடும் குறைவு, உண்மைதான். ஆனால் டிஎக்ஸ்7க்கு 5 வோல்ட்டோடு பிளஸ் 15, மைனஸ் 15 இரண்டும் வேண்டும். ஸ்விட்சிங் இரைச்சல் மைனஸ் 15 வழியாக ஒலிப் பகுதிக்குள் ஏறினால் வடிகட்டுவது பெரும்பாடு. மெல்லிய மின்பியானோக் குரலின் வால் பகுதியில் அது நன்றாகவே கேட்கும்.

2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம்வரை போன மின்வெட்டுக்குப் பிறகு யூபிஎஸ் பற்றியும் கேட்கிறார்கள். கரண்ட் போவதால் குரல்கள் அழிவதில்லை, அதற்குத்தான் பற்றரி. சேமிக்கும் அந்தக் கணத்தில் கரண்ட் போனால்தான் சிக்கல். அதற்காக வாங்குவதென்றால் சுத்தமான சைன் அலை தருவதாக வாங்குங்கள். மலிவானவற்றின் படிப்படியான அலையில் பழைய டிரான்ஸ்போர்மர் இரையும், சூடாகும்.