நான்கு ஊர், நான்கு வரி: டெர்மினலில் எது நிற்கும்?

வண்ணார்பேட்டையில் ஒரு மொத்த வியாபாரிக்குச் சிறிய பைத்தான் நிரல் எழுதினேன். பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, தென்காசி கிளைகளின் கணக்குக் கோப்புகளை இரவில் ஒரே நேரத்தில் இறக்கும். முதலாளி கேட்டது இவ்வளவுதான்: "எந்த ஊர் எவ்வளவு வந்திருக்கிறது என்று தெரிய வேண்டும், தம்பி." அதனால் டெர்மினலில், அதாவது நிரல் எழுத்தாக மட்டும் பேசும் ஜன்னலில், ஊருக்கு ஒரு வரி: ஒரு சதவீதம், அதோடு நீளும் ஒரு பட்டை. நான்கும் இருந்த இடத்திலேயே மாற வேண்டும்.

ஒரே ஒரு வரி என்றால் கேரேஜ் ரிட்டர்ன் என்ற குறி போதும். அடுத்த எழுத்து விழும் இடத்தைக் காட்டும் கர்சர் வரியின் தொடக்கத்துக்குப் போகும். பழையதன் மேலேயே புதியது விழும். மேல்வரிக்கு ஏற அதற்குத் தெரியாது.

கர்சஸ் நூலகம் திரை முழுவதையும் எடுத்துக்கொள்ளும். வரிசையும் நெடுவரிசையும் சொன்னால் அங்கே எழுதும். ஆனால் நிரல் முடிந்ததும் பெரும்பாலான டெர்மினல்களில் பழைய திரை வந்துவிடும். தென்காசி ஏன் நின்றது என்று காலையில் மேலே உருட்டினால் ஒன்றும் இருக்காது. நான்கு வரிக்காக இது, குளிப்பதற்குத் தாமிரபரணியையே வீட்டுக்குத் திருப்புகிற வேலை.

நான் எடுத்தது எஸ்கேப் குறியீடுகளை: திரையில் தெரியாமல் டெர்மினலுக்குக் கட்டளையாகும் எழுத்துத் தொடர்கள். எஸ்கேப், சதுர அடைப்புக்குறி, 4, ஏ என்று அனுப்பினால் கர்சர் நான்கு வரி ஏறும். எண்ணை விட்டு, ஏ இருந்த இடத்தில் கே அனுப்பினால் வரியின் மிச்சம் அழியும். 1978இல் வந்த விடி100 என்ற டெர்மினல் கருவியின் காலத்துச் சங்கதி இது. கர்சரின் இடத்தைச் சேமித்து மீட்கும் குறியீடும் உண்டு. திரையின் அடியில் எழுத்து மேலே உருண்டதும் சேமித்த இடம் பொய்யாகிவிடும். அதை நம்பாதீர்கள்.

ஏறுவதிலும் ஒரு பொறி. கடைப்பையன் ஜன்னலைப் பாதியாகக் குறுக்கினான். வரிகள் மடிந்து எட்டாயின, நிரலோ நான்கே ஏறியது. பழைய சதவீதங்கள் திரையெங்கும் வால்வாலாகத் தொங்கின. வரியை அகலத்துக்கு வெட்டலாம் என்றால் தமிழ் மறிக்கிறது. பாளையங்கோட்டை நமக்கு 7 எழுத்து. பைத்தான் 13 என்கிறது. திரையில் எத்தனை கட்டம் என்பது டெர்மினலுக்கு டெர்மினல் மாறுகிறது. சதவீதத்தை முன்னாலும் ஊர்ப்பெயரை வரிக்கடைசியிலும் வைத்தேன். பட்டைகள் நேராயின, பெயருக்குத் தாராளமாக இடம் விட்டு, பட்டையைத்தான் குறுக்குகிறேன்.

இதையெல்லாம் கையால் செய்ய மனமில்லாதவர்களுக்கு, பட்டைகளைத் தானே வரையும் டிகியூடிஎம் (tqdm) என்ற பைத்தான் நூலகம் இருக்கிறது. பெயர் அரபியில் முன்னேற்றத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. ஒவ்வொரு பட்டைக்கும் பொசிஷன் (position) என்ற அமைப்பில் வரிசை எண் கொடுத்தால் போதும். நடுவே பிழைச் செய்தியை வெறும் பிரிண்ட்டில் எழுதினால் பட்டைகள் கலையும். அதன் ரைட் முறையில் எழுதுங்கள்.

வெளியீடு கோப்புக்குப் போகிறதா என்று முதலில் பார்த்துவிடுகிறேன். போனால் எஸ்கேப் குறியீடே கிடையாது, கோப்பில் அவை வெறும் குப்பையாகத்தான் விழும். ஊர் முடிந்ததும் ஒரு வரி.