தானியமா, பழமா, தண்ணீரா? டெரஸ் வீட்டு வாசலில் பறவைப் படம்

அமாவாசை தோறும் அம்மா மதில்மேல் வாழையிலைத் துண்டில் சோறு வைப்பார். மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பட்டர்வொர்த்தில் சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடு எங்களுடையது; அந்த டெரஸ் வீட்டில் பறவைக்குத் தீனி வைப்பது அங்கேதான் தொடங்கியது, நான் கேமரா வாங்குவதற்கு முப்பது வருடம் முன்பே. முதல் பந்தி காகத்துக்கு. அது எழுந்த பிறகு மைனா, மிச்சம் சொச்சம் சிட்டுகளுக்கு. அந்தக் காகம் தமிழ்நாட்டில் பார்க்கும் அதே சாம்பல் கழுத்துக் காகம்தான். காப்பித் தோட்டத்துப் புழுக்களைத் தின்னட்டும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இலங்கையிலிருந்து இங்கே கிள்ளான் நகருக்குக் கொண்டுவந்து விட்டார்கள். தோட்ட வேலைக்குக் கப்பலேறி வந்தவர்கள் பட்டியலில் அதற்கும் ஓர் இடம் உண்டு.

சோற்றுக்கு அப்புறம் நான் சேர்த்தவை நான்கு: தானியத் தட்டு, பழக் கிளை, தேன்சிட்டுக்குச் சர்க்கரைத் தண்ணீர், குளிக்க ஒரு தொட்டி. கார் நிற்கும் இடம் போக மிஞ்சிய நாலடி அகலத்தில் இரண்டு வருடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல படம் வேண்டுமென்றால் தண்ணீர்தான். பழம் இரண்டாம் இடம், தானியம் கடைசி.

தானியத்தில்தான் எல்லாரும் ஆரம்பிக்கிறார்கள், நானும் அப்படித்தான். அது பனி கொட்டும் நாடுகளின் வழக்கம். அங்கே குளிர்காலத்தில் புழு பூச்சி கிடைக்காது, நாம் வைக்கும் விதை உயிர் காக்கும். இங்கே வருடம் முழுக்கப் பூவும் பழமும் பூச்சியும் கிடைக்கின்றன. நம் வீட்டைச் சுற்றித் திரியும் பறவைகளில் பாதிக்கு மேல் விதை தின்பவையே அல்ல. தம்ளர் நிறையத் தினையும் நொய்யும் கொட்டினால் வருவது மாடப்புறா. அது இருபது பேரைக் கூட்டிக்கொண்டு வரும்.

"தம்பி, உன் புறாவெல்லாம் என் காடி மேலதான் வந்து பேளுது," என்றார் பக்கத்து வீட்டு அக்கா. துணியோடு போய்க் காரைத் துடைத்துக் கொடுத்தேன். அடுத்த வாரம் எலி வந்தது. தரையோட்டு இடுக்கில் சிந்திய தினை மழையில் முளைத்தது, தட்டில் மிஞ்சியது இரண்டே நாளில் பூசணம் பிடித்தது. பூசணத் தீனி பறவைக்கே நோய். புறா இனங்களுக்குத் தொண்டைப் புண் பரவுவதும் இப்படி ஒரே தட்டில் கூட்டமாக மேய்வதால்தான்.

படம் எப்படி வந்தது என்றால், குனிந்த தலை, தூக்கிய வால், பின்னணியில் பிளாஸ்டிக் தட்டு. ஆனாலும் தானியத்தை முழுக்கத் திட்ட மனமில்லை. பாட்டுப் போட்டிக்காக இங்கே கூண்டில் வளர்க்கிறார்களே, அந்த மெர்போக் புறா ஒரு ஜோடி சுதந்திரமாக வந்து என் முன்னே மேய்ந்தது தானியத்தால்தான். சிட்டுகளும் வரும். அவை தமிழ்நாட்டுச் சிட்டுக்குருவி அல்ல, உற்றுப் பாருங்கள்: தலை முழுக்கக் காப்பி நிறம், வெள்ளைக் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு மாதிரி ஒரு கறுப்புப் புள்ளி. மரச்சிட்டு. ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி இருக்கும்.

பழம் வேறு கதை. சந்தையில் கனிந்துபோய் மலிவாகக் கிடைக்கும் பப்பாளி, பிசாங் மாஸ் என்னும் சின்ன வாழைப்பழம், இரண்டும் போதும். தட்டில் வைக்காதீர்கள். காய்ந்த கிளை ஒன்றை நட்டு, கேமராவுக்குத் தெரியாத பக்கம் ஆணி அடித்து, அதில் செருகுங்கள். படத்தில் பறவை மரத்தில் உட்கார்ந்த மாதிரியே இருக்கும். முதலில் வருவது மஞ்சள் பின்புறக் கொண்டைக்குருவி, மலாயில் மெர்பா. அதன் பின்னால் பெர்லிங் என்னும் மைனா இனப் பறவைக் கூட்டம்: உடம்பு பச்சை மின்னும் கறுப்பு, கண் மட்டும் ரத்தச் சிவப்பு. காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது அந்தக் கண் ஒன்றுக்காகவே பப்பாளி வாங்கலாம். அதிர்ஷ்டம் இருந்தால் மாங்குயில், கண்ணோரக் கறுப்புப் பட்டை பிடரி வரை சுற்றிப் போகும் வகை.

தொல்லையும் உண்டு. எறும்பு வரும், அணில் முழுத் துண்டையும் தூக்கிக்கொண்டு ஓடும். இரவில் விட்டுவைத்தால் பழந்தின்னி வௌவால் தின்றுவிட்டுச் சுவரெல்லாம் கோலம் போட்டு வைக்கும். ஆனால் இதெல்லாம் மலைப்பக்கம் இல்லாத வீட்டுக்குத்தான். பினாங்குத் தீவில் ஆயர் ஈத்தாம் மலையடிவாரத்தில் இருக்கும் சித்தப்பா என்னைப் பார்த்து ஆசைப்பட்டு வாழைப்பழம் தொங்கவிட்டார். மூன்றாம் நாள் குரங்குக் கூட்டம் சமையலறை வரை வந்துவிட்டது. தண்ணீர்மலைப் பக்கம் தாவரவியல் பூங்காவுக்குப் போனவர்களுக்குத் தெரியும், ஒருமுறை ருசி கண்ட நீள்வால் குரங்கை மறக்கவைக்க முடியாது. காட்டை ஒட்டிய வீடென்றால் பழத்தை மறந்துவிடுங்கள். தெருவோரத்தில் ஒரு செரி மரம் இருக்கிறதா என்று பாருங்கள், அந்தச் சிவப்புப் பழத்துக்குக் கொண்டைக்குருவி நாள் முழுக்க வந்து போகும்.

சர்க்கரைத் தண்ணீரைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. இந்த வெக்கையில் அரை நாளில் புளித்துவிடும். எறும்பும் தேனீயும் வந்தன, தேன்சிட்டு எட்டிப் பார்த்ததோடு சரி. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, அம்மா சாமிக்குப் பறிக்கும் செம்பருத்தியில் நாலு பூவை விட்டுவைக்கச் சொன்னேன். 1960-இல் தேசிய மலராக அறிவிக்கப்பட்ட பூ, இந்த நாட்டில் எந்த வேலியிலும் கிடைக்கும். தேன்சிட்டு அதன் வாய் வழியாக நுழைவதில்லை. காம்புப் பக்கம் உட்கார்ந்து, அடியில் அலகால் துளைத்து உறிஞ்சும். பூவுக்கு மகரந்தச் சேவை எதுவும் கிடையாது, சுத்தத் திருட்டு. ஆனால் முகம் பூவுக்குள் மறையாததால் படம் எடுப்பவனுக்கு அதுவே வசதி.

இனி தண்ணீர்.

விதை தின்னாத பறவையும் குடிக்கும், குளிக்கும். தானியத் தட்டை இரண்டு வருடத்தில் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காத குண்டுக்கரிச்சான் தொட்டி வைத்த நான்காம் நாள் வந்தது. அப்புறம் தையல்சிட்டு. அப்புறம் விசிறிவால். மலாய்க்காரர்கள் அதை 'முராய் கீலா' என்பார்கள், கிறுக்குப் பறவை என்று அர்த்தம். பெயருக்கேற்ப ஓர் இடத்தில் இரண்டு வினாடி நிற்காது. பூச்சி மட்டுமே தின்பதால் எந்தத் தீனிக்கும் மசியாது. தண்ணீரில் மட்டும் முக்கி முக்கி எழுந்து, வாலை விசிறி மாதிரி விரித்து, அரை நிமிடம் நம்மை மறந்து நிற்கும். அந்த அரை நிமிடத்துக்கு எந்தத் தானியமும் ஈடில்லை.

தொட்டி பெரிய செலவில்லை. பூச்சட்டிக்கு அடியில் வைக்கும் மண் தட்டு போதும், ஆழம் இரண்டு மூன்று சென்டிமீட்டர் இருந்தால் சரி. ஆழமான பேசினில் சின்னக் குருவி இறங்காது. வழுக்காமலிருக்க நடுவே ஒரு தட்டைக் கல். வெள்ளைத் தட்டு வேண்டாம், வெயிலில் படம் வெளிறிப்போகும். மேலே ஒரு பழைய தண்ணீர் பாட்டிலில் ஊசித் துளை போட்டுத் தொங்கவிட்டால் சொட்டும் சத்தமே அழைப்பிதழ். பக்கத்தில் ஒரு குச்சி நட்டு வையுங்கள். பறவை நேராக நீரில் இறங்காது, குச்சியில் உட்கார்ந்து பூனை இருக்கிறதா என்று பார்க்கும். முதல் படம் அங்கே. தொட்டியைப் புதரோடு ஒட்டி வைத்தால் பூனைக்குப் பந்தி வைத்த மாதிரி, ஒரு பத்தடி தள்ளி வையுங்கள். புறா வந்தால் அவசரப்பட வேண்டாம், அது மற்றவற்றைப் போல ஒரு வாய் மொண்டு தலையைத் தூக்காது. அலகை முக்கியபடியே உறிஞ்சும், நிதானமாகக் குவியம் பிடிக்கலாம்.

தண்ணீருக்கு எதிராகப் பெரிய வாதம் ஒன்று உண்டு, அதை மறைத்தால் நான் யோக்கியனில்லை. டிங்கி, அதாவது டெங்கு காய்ச்சல். அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு வளர்க்கச் சிறந்த பாத்திரம் எது என்று கேட்டால் இதே பூச்சட்டித் தட்டைத்தான் காட்டுவார்கள். வீட்டு வளாகத்தில் கொசுப் புழு கிடைத்தால் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதம். முட்டையிலிருந்து கொசுவாக இந்தச் சூட்டில் ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதனால் தினமும் காலையில் தண்ணீரைக் கொட்டி மாற்றுகிறேன். கொட்டினால் மட்டும் போதாது, முட்டை தட்டின் விளிம்பில் ஒட்டிக்கொண்டு காய்ந்த நிலையிலும் மாதக் கணக்கில் உயிரோடிருக்கும். தேங்காய் நாரால் விளிம்பைத் தேய்க்க வேண்டும். கொசு மருந்து போடுவதில்லை. ஊருக்குப் போனால் தட்டைக் கவிழ்த்துவிட்டுப் போவேன். ஒருமுறை சோதனைக்கு வந்த சுகாதார அதிகாரி டார்ச் அடித்து ஐந்து நிமிடம் தட்டையே பார்த்தார். வழுக்கை மாதிரிச் சுத்தமாக இருந்தது. தினமும் தேய்க்க முடியாதவர்கள் தண்ணீர் வைக்காதீர்கள், பழத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நேரம், லென்ஸ் பற்றிக் கொஞ்சம். 1982-இல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளினார்கள். அதனால் பினாங்கில் விடிவதே ஏழு, ஏழரைக்கு. சூரியன் உச்சிக்கு வருவது மதியம் ஒன்றே கால் வாக்கில். ஏழே முக்காலிலிருந்து ஒன்பதரை வரைதான் நல்ல வெளிச்சம், அதற்குள் எடுத்தது எடுத்ததுதான். நான்கு மீட்டர் தூரத்தில் 400 மி.மீ. லென்ஸ், முழுச்சட்ட கேமராவில் 36 செ.மீ. அகலத்தைப் பிடிக்கும். கொண்டைக்குருவியின் நீளம் 20 செ.மீ., பாதிச் சட்டத்துக்கு மேல் நிரப்பிவிடும். பெரிய லென்ஸ் இல்லாதவர்களுக்கும் தண்ணீர்தான் வசதி. பறவை எங்கே நிற்கும் என்று முன்கூட்டியே தெரிவதால் போனைச் சின்ன முக்காலியில் தட்டருகே வைத்துவிட்டு, வீட்டுக்குள் கிரில்லுக்குப் பின்னால் உட்கார்ந்து புளூடூத் பொத்தானை அழுத்தலாம். துளி தெறிப்பதை உறைய வைக்க ஷட்டர் வேகம் வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்காவது வேண்டும், இரண்டாயிரத்தில் ஒரு பங்கு என்றால் இன்னும் நல்லது.

ஜனவரி, பிப்ரவரி வறட்சியில் தொட்டிக்கு வரிசை நிற்கும். அக்டோபர் மழையில் ஊரெல்லாம் தொட்டி, என் தட்டை எந்தக் குருவியும் சீண்டாது. அப்போது அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு நாற்காலியைச் செம்பருத்திப் பக்கம் திருப்பிக்கொள்வேன். மழை விட்டதும் தேன்சிட்டு ஈர இலைமேல் உருண்டு புரண்டு குளிக்கும். அதற்கு ஒன்றும் வாங்க வேண்டியதில்லை. அம்மா அந்தக் கிளையை வெட்டாமல் இருந்தால் போதும்.