3,740 மணி நேரம்: ஏஎக்ஸ்பி முடித்தவளின் மதிப்புரை

2018இல் ஹூஸ்டனில் வேலைக்குச் சேர்ந்த அன்று அப்பாவுக்குப் போன் செய்தேன். "நீதான் எப்பவோ ஆர்க்கிடெக்ட் ஆயிட்டியே பாப்பா, கார்டுல நம்பர்கூட போட்டிருக்கே. அங்க எதுக்கு மறுபடியும் முதல்லேருந்து?" என்றார். திருச்சியில் முப்பது வருடம் மேஸ்திரியாக இருந்தவர். அவர் கேட்டது நியாயமான கேள்வி. இந்தியாவில் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி, அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் ஐந்து வருட பி.ஆர்க் முடித்து கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிந்துகொண்டால் போதும். அலுவலகப் பயிற்சி படிப்புக்குள்ளேயே ஒரு செமஸ்டராக முடிந்துவிடுகிறது. என் பதிவு எண் 'சிஏ/2014' என்று தொடங்கும். அமெரிக்காவில் படிப்பு, மேற்பார்வையில் வேலை, தேர்வு என மூன்றும் முடிந்தால்தான் லைசென்ஸ். அதுவரை ஆர்க்கிடெக்ட் என்று விசிட்டிங் கார்டில் போட்டுக்கொள்வதும் சட்டப்படி தவறு.

நடுவில் இருக்கும் அந்த வேலை அனுபவத்துக்குப் பெயர் ஏஎக்ஸ்பி. என்கார்ப் என்ற அமைப்பு நடத்துகிறது. லைசென்ஸ் தருவது அந்தந்த மாநில வாரியம். நம் மணிக்கணக்கை வாங்கி, சரிபார்த்து, வாரியத்துக்கு அனுப்பிவைப்பது என்கார்ப். 1976இலிருந்து ஐடிபி என்ற பெயரில் இருந்தது. 2016இல்தான் ஏஎக்ஸ்பி ஆனது. முன்பு 5,600 மணி நேரம் கேட்டார்கள், 2015இல் 3,740 ஆகக் குறைத்தார்கள். நான் சேர்ந்தபோது கணக்கு தொடங்க 100 டாலர், பிறகு ஆண்டுக்கு 85 டாலர். காசு கொடுத்து வாங்கிய சேவை என்பதால் மதிப்புரை எழுத எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

வாரத்துக்கு 40 மணி நேரம் என்று போட்டால் 3,740 இரண்டு வருடத்துக்கும் குறைவு. எனக்கும் என் கூடப் படித்தவர்களில் பெரும்பாலோருக்கும் அப்படி முடியவில்லை. காரணம் மொத்தக் கணக்கில் இல்லை, அதன் பிரிவுகளில் இருக்கிறது. ஆறு பிரிவுகள். அலுவலக நிர்வாகத்துக்கு 160 மணி, திட்ட நிர்வாகத்துக்கு 360, கட்டடத்தில் என்னென்ன வேண்டும் என்று ஆராய்வதற்கு 260, திட்டமிடலுக்கும் வடிவமைப்புக்கும் 1,080, விரிவான வரைபடங்களுக்கும் ஆவணங்களுக்கும் 1,520, கட்டுமானத்துக்கும் மதிப்பீட்டுக்கும் 360. ஒன்றில் கூடுதலாகச் செய்ததை இன்னொன்றில் ஈடுகட்ட முடியாது.

என் முதல் அலுவலகம் நூறு பேருக்கு மேல் இருந்த இடம். பெயர் வேண்டாம். மருத்துவமனை வேலைகள்தான் அதிகம். ரெவிட் என்ற வரைபட மென்பொருளில் கதவு அட்டவணை, கழிப்பறைச் சுவர் வரைபடங்கள், சீலிங் பிளான். அதுதான் என் நாள். வேலையைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு மருத்துவமனையில் ஒரு கதவின் அகலத்துக்குப் பின்னால் எத்தனை விதி இருக்கிறது என்பதை அங்கேதான் கற்றேன். ஆனால் பதினான்கு மாதத்தில் எனக்கு 1,520 மணி நிரம்பி வழிந்தது. கட்டுமானப் பிரிவில் இருந்தது 26 மணி. அந்த 26உம் கான்ட்ராக்டர் அனுப்பிய ஷாப் டிராயிங்குகளை (பொருட்களைத் தயாரிக்கும் முன் தரும் விவர வரைபடங்கள்) மேசையில் உட்கார்ந்து சரிபார்த்தது. சைட்டுக்கு ஒருநாளும் போகவில்லை. மேஸ்திரியின் மகள் நான். சாரத்தில் ஏறி விளையாடியவள். ஒரு கட்டடத்தை ஒரு வருடத்துக்கும் மேலாக வரைந்துகொண்டே இருந்து, அது எந்தத் தெருவில் எழும்புகிறது என்று கூகுள் மேப்பில் பார்த்துக்கொண்டிருந்தேன். அது எனக்கு உள்ளுக்குள் வலித்தது.

இன்னொரு தவறும் அங்கே நடந்தது. இதை வாசிப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். செய்த வேலையை எட்டு மாதத்துக்குள் பதிந்து அனுப்பினால்தான் முழு மணி நேரமும் கிடைக்கும் என்பது நான் பதிந்த காலத்து விதி. எட்டு மாதம் தாண்டி ஐந்து வருடம் வரை பாதிதான். அதற்கும் முந்தையது போய்விடும். என் மேற்பார்வையாளர், "ஒரு வருடம் ஆகட்டும், மொத்தமாகப் போட்டுக்கொள்ளலாம்" என்றார். நானும் வழிகாட்டி ஆவணத்தைப் படிக்காமல் சரி என்றேன். 2018 ஜூலையில் சேர்ந்தவள் 2019 ஜூன் கடைசியில் உட்கார்ந்து பதிந்தேன். முதல் நான்கு மாதத்தின் 640 மணி நேரம் 320 ஆகிவிட்டது. இரண்டு மாத உழைப்பு. அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதே வாரத்தில் ஒரு நல்லதும் நடந்தது. பி.ஆர்க் முடித்ததும் சென்னையில் இரண்டு வருடம் வேலை பார்த்திருந்தேன், 2014 ஜூலையிலிருந்து. அமெரிக்காவுக்கு வெளியே, அந்த நாட்டில் பதிவு பெற்ற ஆர்க்கிடெக்டிடம் செய்த வேலையையும் ஏஎக்ஸ்பி ஏற்றுக்கொள்ளும் என்று வழிகாட்டியைப் படித்தபோதுதான் தெரிந்தது. அப்படிப்பட்ட வேலைக்கும் பிற வகை வேலைகளுக்கும் சேர்த்து மொத்தத்தில் கிட்டத்தட்ட பாதி வரை உச்சவரம்பு. மீதி அமெரிக்க அல்லது கனடா லைசென்ஸ் உள்ளவரிடம் ஆர்க்கிடெக்சர் அலுவலகத்தில் செய்ததாக இருக்க வேண்டும். இன்னும் ஒரு மாதம் தாமதித்திருந்தால் என் சென்னை வேலை ஐந்து வருடக் கோட்டைத் தாண்டத் தொடங்கியிருக்கும். பழைய நோட்டுப் புத்தகங்களை அம்மாவிடம் சொல்லிப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். மனசாட்சிக்குச் சரியென்று பட்ட 1,200 மணியை மட்டும் எழுதினேன், 600 கிடைத்தது. அதில் ஒரு சிறு பங்கு வேளச்சேரியில் ஓர் அடுக்குமாடியில் கான்கிரீட் போடும்போது கூடவே நின்ற நாட்கள்.

இந்தச் சேவையின் உண்மையான மதிப்பு எனக்குப் புரிந்தது 2019 அக்டோபரில், ஐந்து பேர் வேலை செய்யும் ஒரு சின்ன அலுவலகத்துக்கு மாறிய பிறகுதான். நேர்முகத்துக்குப் போகும்போது என் ஏஎக்ஸ்பி பக்கத்தை அச்செடுத்துப் போனேன். பிரிவுக்கு ஒன்றாக ஆறு பட்டைகள்: ஒன்று முழுக்க நிறம், ஒன்று கிட்டத்தட்ட வெறும் வெள்ளை. அலுவலகத்தை நடத்தும் அம்மாவுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். என் போர்ட்ஃபோலியோவை வேகமாகப் புரட்டிவிட்டு அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தார். வெள்ளைப் பட்டையில் விரலை வைத்து, "இதை நிரப்ப என்னிடம் வேலை இருக்கிறது. ஆனால் காலை ஆறரைக்கு சைட்டில் இருக்க வேண்டும்" என்றார். சம்பளம் குறைவுதான். யோசிக்காமல் ஒத்துக்கொண்டேன்.

முதல் வாரமே ஒரு தொடக்கப் பள்ளி விரிவாக்கத்தின் மொட்டைமாடிக்குக் கூட்டிப்போனார். ஏசி யூனிட்டை உட்கார வைக்கும் மேடைக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவே ஆறு அங்குல இடைவெளி. வரைபடத்தில் அழகாக இருந்தது; அதேபோன்ற இடைவெளியை முந்தைய அலுவலகத்தில் நானே பலமுறை வரைந்திருக்கிறேன். தண்ணீர் இறங்காமல் இருக்க அந்த இடுக்கில் ஷீட்டை மடக்கி ஒட்ட வேண்டும். கூரை வேலைக்காரர் மண்டியிட்டு, கையுறையோடு கையை உள்ளே விட்டுக் காட்டினார். முழங்கைக்கு மேல் போகவில்லை. கருவியைப் பிடித்துத் திருப்ப இடமில்லை. "குறைந்தது ஓர் அடி விடுங்கள்" என்றார். அன்றிலிருந்து நான் வரையும் எந்தக் கூரையிலும் அந்த இடத்தில் ஓர் அடிக்குக் குறைந்ததில்லை. ஒரு வருடத்துக்கும் மேலாக மேசையில் கிடைக்காத பாடம் பத்து நிமிடத்தில் கிடைத்தது.

அடுத்தது பணம். மாதாமாதம் கான்ட்ராக்டர் பில் கொண்டுவருவார். இன்ன வேலை இத்தனை சதவீதம் முடிந்தது என்று வரிவரியாக இருக்கும். ஆர்க்கிடெக்ட் நேரில் பார்த்துக் கையெழுத்திட்டால்தான் உரிமையாளர் பணம் தருவார். ஒரு மாதம் உட்சுவர்ப் பலகை 80 சதவீதம் என்று எழுதியிருந்தது. "நீயே நடந்து பார்த்துவிட்டு வந்து சொல்" என்று அனுப்பினார் அந்த அம்மா. அறை அறையாக எண்ணினேன். என் கணக்கில் 60ஐத் தாண்டவில்லை. கான்ட்ராக்டரின் ஆளிடம் அதைச் சொல்லும்போது குரல் நடுங்கியது. அவர் சண்டை போடவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து மறுபடி நடந்தோம், 65க்கு ஒத்துக்கொண்டோம். மற்றவர் பணத்துக்கு நான் பொறுப்பு என்று உணர்ந்த முதல் நாள் அது. அப்பா எத்தனையோ முறை வீட்டுக்காரரிடம் பில்லுக்காக அலைந்ததைப் பார்த்து வளர்ந்தவள் என்பதால், அந்த மேசையின் இந்தப் பக்கம் நிற்பது எனக்குச் சாதாரணமாக இல்லை. அன்று இரவு அவரிடம் சொன்னேன். "குறைச்சும் போடாத, கூட்டியும் போடாத. வேலை செஞ்சவனுக்கு உள்ளதக் குடு" என்றார்.

160 மணி அலுவலக நிர்வாகம் பல இடங்களில் வெறும் சம்பிரதாயமாகப் போய்விடுகிறது. வாராந்தரக் கூட்டத்தில் உட்கார்ந்ததையே எழுதிவிடுகிறார்கள். இங்கே அந்த அம்மா ஒரு கிளினிக் வேலையின் கட்டண முன்மொழிவை என் முன்னால் விரித்து, எந்தக் கட்டத்துக்கு எத்தனை மணி, எங்கே கையைச் சுட்டுக்கொண்டோம் என்று காட்டினார். என் சம்பளம் அந்தத் தாளில் எந்த வரியில் வருகிறது என்பதையும் மறைக்கவில்லை.

சேவை என்ற வகையில் சொல்கிறேன். இணையப் பக்கமும் செயலியும் எளிது. மணியைப் பதிந்து அனுப்பினால் மேற்பார்வையாளருக்கு மின்னஞ்சல் போகும். அவர் ஒப்புதல் தந்ததும் பட்டை ஏறும். 96 பணிகள் கொண்ட பட்டியல் ஒன்று இருக்கிறது, எந்தப் பிரிவில் எதைச் செய்ய வேண்டும் என்று. இந்தப் பட்டியல்தான் எனக்கு மிகவும் பயன்பட்டது. "எனக்கு சைட் அனுபவம் வேண்டும்" என்று கேட்டால் பார்க்கலாம் என்பார்கள். பட்டியலைக் காட்டி, "இந்த மூன்று பணிகள் எனக்கு இன்னும் ஆகவில்லை, அடுத்த மாதம் எந்த வேலையில் செய்யலாம்?" என்று கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஆறு பிரிவுகளின் பெயரும் லைசென்ஸுக்கான ஏஆர்ஈ தேர்வின் ஆறு தாள்களின் பெயரும் கிட்டத்தட்ட ஒன்றே. டெக்சாஸில் இரண்டையும் கூடவே செய்யலாம் என்பதால், சைட்டில் நின்ற மாதங்களில் கட்டுமானத் தாளை எழுதினேன். தனியாகப் படிக்க வேண்டியது பாதியாகக் குறைந்தது.

குறை என்று பார்த்தால், இந்தத் திட்டம் மணியை எண்ணுகிறது. கற்பித்தார்களா என்று பார்ப்பது முழுக்க மேற்பார்வையாளரின் கையில் விட்டுவிட்டது. நல்லவர் கிடைத்தால் பெரும் பேறு. கிடைக்காதவர்களுக்கு வேறு வழிகளும் உண்டு: வடிவமைப்புப் போட்டிகளுக்கு ஆர்க்கிடெக்ட் ஒருவரின் வழிகாட்டலில் வேலை செய்தால் அதற்கும் மணி தருகிறார்கள், கட்டுமான நிறுவனத்தில் வேலை செய்தாலும் ஒரு வரம்பு வரை உண்டு. ஆனால் விசாவில் இருப்பவர்களுக்கு இந்தச் சுதந்திரம் குறைவு. படிப்பு முடிந்து கிடைக்கும் ஓபிடி என்ற வேலை அனுமதி ஒரு வருடம். சில பல்கலைக்கழகங்களின் எம்.ஆர்க் மட்டும் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகள்) பிரிவில் வருவதால் இன்னும் 24 மாதம் சேரும். கல்லூரி தேர்ந்தெடுக்கும் முன்பே இதைக் கேட்டுவிடுங்கள். 3,740 மணிக்கு ஒரு வருடம் எந்தக் கணக்கிலும் போதாது.

ஐந்துக்கு நான்கு தருவேன். அந்த ஒன்றைக் குறைத்தது எட்டு மாத விதிக்காக. என் கவனக்குறைவு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் செய்த வேலை செய்ததுதான். தாமதமாக எழுதியதால் அதில் பாதி நடக்கவில்லை என்று ஆகிவிடாது. புதிதாகச் சேருபவர்கள் நடப்பு வழிகாட்டியை முதல் நாளே படித்து, மாதக் கடைசி வெள்ளிக்கிழமை தோறும் பதிந்து அனுப்பிவிடுங்கள்.

சென்னையிலோ கோவையிலோ இப்போது வேலை பார்த்துக்கொண்டு, அடுத்த வருடம் இங்கே படிக்க வர நினைப்பவர்களுக்கு ஒன்று. கணக்கை அங்கிருந்தே திறக்கலாம். அமெரிக்கா வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கிளம்பும் முன் உங்கள் ஆர்க்கிடெக்ட் சாரிடம் நேரில் சொல்லிவையுங்கள், இப்படி ஒரு மின்னஞ்சல் வரும், இன்ன இடத்தில் ஒப்புதல் தர வேண்டும் என்று. என் சார் அதை ஏதோ விளம்பரம் என்று நினைத்து இரண்டு முறை அழித்துவிட்டார். மூன்றாவது முறை வாட்ஸ்அப்பில் அழைத்து, அவர் திரையைப் பார்த்துப் படிக்கப் படிக்க நான் எங்கே அழுத்த வேண்டும் என்று சொன்னேன். ஹூஸ்டனில் அப்போது இரவு பதினொன்றரை. ஒப்புதல் போனதும், "வேளச்சேரி கட்டடத்துல இன்னிவரைக்கும் ஒழுகல் இல்லம்மா" என்றார்.