நாட்மச், மியூ, மைரிக்ஸ்: மின்மடல் தேடலுக்கு எந்தக் கட்டளைவரிக் கருவி?

சொந்தக் கணினியில் சேர்ந்து கிடக்கும் மின்மடல்களைத் தேட, கோப்புகளில் சொல்லைத் தேடும் கிரெப் கட்டளை ஒன்றே போதும் என்று நினைப்பவர்கள், மடல் கோப்பு ஒன்றை வெறும் உரைத் திருத்தியில் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் வந்த எளிய மடல் ஓரளவு அப்படியே தெரியும். தமிழில் எழுதப்பட்ட மடலோ பெரும்பாலும் பேஸ்64 குறியாக்கத்தில், பொருள் விளங்காத எழுத்துக் குவியலாகத்தான் கோப்பில் இருக்கும். மடலின் பொருள் (சப்ஜெக்ட்) வரியின் கதியும் அதுவே. நாம் தேடும் சொல் மடலில் இருந்தாலும் கிரெப்புக்கு அது தென்படாது. ஆகவே மடலைப் பிரித்துப் படித்து, குறியாக்கத்தை அவிழ்த்து, சொற்களை முன்கூட்டியே அட்டவணையாக்கி வைக்கும் கருவி ஒன்று தேவைப்படுகிறது. இந்த வேலைக்குக் கட்டளைவரியில் நீண்ட காலமாகப் புழங்கிவரும் மூன்று கட்டற்ற மென்பொருள்கள் நாட்மச், மியூ, மைரிக்ஸ் ஆகியவை.

இந்த மூன்றும் சர்வரிலிருந்து மடலை இறக்கித் தருவதில்லை. அது எம்பிசிங்க், ஆஃப்லைன்ஐமேப் போன்றவற்றின் வேலை. மடல்கள் வட்டில் வந்து சேர்ந்த பிறகே இவற்றின் பணி தொடங்குகிறது. வேகத்தை வைத்தும் இவற்றைத் தரம் பிரிப்பதில் பெரிய பயன் இல்லை, ஏனெனில் அட்டவணை ஒருமுறை உருவாகிவிட்டால் மூன்றுமே தனிமனிதரின் மடல் சேமிப்புக்குப் போதுமான விரைவில் விடை தருகின்றன. உண்மையான வேறுபாடு இரண்டு கேள்விகளில் இருக்கிறது: தேடலின் விடையாக இவை எதைக் கையில் கொடுக்கின்றன, அட்டவணை அழிந்துபோனால் நீங்கள் எதை இழக்கிறீர்கள்.

முதலில் நாட்மச். 2009-இல் கார்ல் வொர்த் தொடங்கிய இந்தத் திட்டத்துக்கு, ரூபி மொழியில் எழுதப்பட்ட ஸப் என்னும் மடல் நிரல் முன்மாதிரியாக இருந்தது. ஸப் தேடல், வாசிப்பு, அனுப்புதல் எல்லாவற்றையும் ஒரே நிரலில் வைத்திருந்தது. நாட்மச் அதிலிருந்து தேடலையும் குறிச்சொல்லிடுதலையும் மட்டும் பிரித்தெடுத்து, இடைமுகத்தை ஈமேக்ஸ், விம் ஆகிய உரைத் திருத்திகளிடமும் அலாட், நியோமட் போன்ற மடல் நிரல்களிடமும் விட்டுவிட்டது. அடியில் இருப்பது ஸாப்பியன் என்னும் தேடல் நூலகம். ஒரு மடலுக்கு ஒரு கோப்பு என்ற முறையில் அமைந்த மெயில்டிர், எம்எச் சேமிப்புகளை அது படிக்கும். பல மடல்களை ஒரே கோப்பில் அடுக்கும் எம்பாக்ஸ் சேமிப்பு அதற்கு ஒத்துவராது.

நாட்மச்சில் சாதாரணமாகத் தேடினால் கிடைப்பது தனி மடல் அன்று, இழை; அதாவது ஒரு மடலும் அதற்கு வந்த பதில்களும் சேர்ந்த தொடர். ஓர் உரையாடலில் ஒரு மடல் பொருந்தினாலும் அந்த இழை முழுவதும் ஒரே வரியாக விடையில் வந்து நிற்கும். பல வாரங்கள் நீண்ட விவாதத்தில் முடிவு எந்த மடலில் சொல்லப்பட்டது என்று தேடுபவருக்கு இதைவிட வசதியான ஏற்பாடு இல்லை. ஆனால் வினவலின் நிபந்தனைகள் அனைத்தும் தனித்தனி மடலுக்கே பொருத்திப் பார்க்கப்படுகின்றன என்பதை மறந்துவிடக் கூடாது. இன்னாரும் இன்னாரும் பங்கேற்ற இழை வேண்டும் என்றால், அனுப்பியவர் புலத்தில் இரண்டு பெயர்களைச் சேர்த்துக் கொடுப்பது பயனளிக்காது. ஒவ்வொரு நிபந்தனையையும் இழைப் புலத்துக்குள் நெளிவு அடைப்பில் இட்டு உள்வினவலாக எழுத வேண்டும். கையேட்டில் எளிதில் கண்ணில் படாத இந்த வசதிதான், என் பார்வையில், நாட்மச்சின் வினவல் மொழியை மற்ற இரண்டிலிருந்தும் உயர்த்திக் காட்டுவது.

இன்னொரு நுட்பமும் இருக்கிறது. மடல்களை அது, மடலின் தலைப்பகுதியில் இருக்கும் தனி அடையாளமான மெசேஜ்-ஐடி கொண்டு அடையாளம் காண்கிறது. ஒரே மடல் மூன்று கோப்புறைகளில் இருந்தால் மூன்று கோப்புப் பெயர்கள் கொண்ட ஒரு மடலாகவே அதைக் கருதும். ஜிமெயில் கணக்கை, சர்வரிலிருந்து மடல்களைப் பெறும் ஐமேப் நெறிமுறை வழியாக இறக்கி வைப்பவர்களுக்கு, ஒவ்வொரு லேபிளும் ஒரு கோப்புறையாகி ஒரே மடல் பல இடங்களில் வந்து குவிவது தெரிந்ததே. அவர்களுக்கு இது பெரிய நிம்மதி. மியூ அவ்வாறு செய்வதில்லை. அதற்கு ஒவ்வொரு கோப்பும் ஒரு மடல், நகல்களை மறைக்க வேண்டுமானால் தேடும்போது அதற்கான விருப்பத்தைத் தனியே கொடுக்க வேண்டும்.

இனிக் குறிச்சொற்கள். நாட்மச் மடல் கோப்பின் உள்ளடக்கத்தைத் தொடுவதே இல்லை. நீங்கள் இடும் குறிச்சொற்கள் அனைத்தும் தரவுத்தளத்திலேயே இருக்கின்றன. படித்தது, பதிலளித்தது, கொடியிட்டது போன்ற சிலவற்றை மட்டும் அது மெயில்டிர் கோப்புப் பெயரின் கொடிகளோடு (மடலின் நிலையைக் காட்டும் எழுத்துகளோடு) ஒத்திசைக்கும். இதனால் ஆயிரக்கணக்கான மடல்களுக்கு ஒரே கட்டளையில் குறிச்சொல் இடுவதும் நீக்குவதும் அச்சமில்லாத வேலையாகிவிடுகிறது. அதே சமயம் அந்த அட்டவணை எப்போது வேண்டுமானாலும் அழித்து மீண்டும் கட்டக்கூடிய இடைக்காலக் கோப்பாக இல்லாமல், உங்கள் உழைப்பைத் தாங்கும் மூலத் தரவாகவும் மாறிவிடுகிறது. மடல்களுக்கு மட்டும் காப்புப் பிரதி எடுத்துவிட்டுத் தரவுத்தளத்தை விட்டவர், வட்டு பழுதாகும் நாளில் மடல்களைத் திரும்பப் பெறுவார், பல ஆண்டு வகைப்பாட்டை இழப்பார். குறிச்சொற்களை உரைக் கோப்பாக இறக்கித் தரும் 'டம்ப்' கட்டளையும், அதை மீண்டும் ஏற்றும் 'ரிஸ்டோர்' கட்டளையும் இதற்காகவே உள்ளன. அந்த இறக்கத்தை நாள்தோறும் தானாக நடக்கும்படி அமைக்காமல் நாட்மச்சைப் பயன்படுத்தத் தொடங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கைபேசியிலும் வேறு கணினியிலும் இதே குறிச்சொற்கள் தெரிய வேண்டும் என்பவர்களுக்குச் சிக்கல் இன்னும் கூடும். இரண்டு கணினிகளுக்கு இடையே மச்சிங்க் உண்டு, ஜிமெயில் லேபிள்களுக்கு லியர் உண்டு. ஆனால் பொதுவான ஐமேப் சர்வரோடு எல்லாக் குறிச்சொற்களையும் பகிர்ந்துகொள்ளும் இயல்பான வழி நாட்மச்சுக்குள் இல்லை.

டிர்க்-யான் பின்னெமா உருவாக்கிய மியூவும் அதே ஸாப்பியனின் மேல்தான் நிற்கிறது. மடலைப் பிரித்துப் படிக்க இரண்டும் ஜிமைம் நூலகத்தையே நம்புகின்றன. இவ்வளவு நெருக்கம் இருந்தும் மனப்போக்கு வேறு. மியூவுக்கு உண்மை என்பது வட்டில் இருக்கும் மெயில்டிர் மட்டுமே. கோப்புறையும் கொடியும் கோப்புகளோடு இருக்கின்றன. குறிச்சொல் வேண்டுமென்றாலும் மடலின் தலைப்பகுதியில் எழுதப்பட்டிருப்பதையே அது படிக்கிறது. ஆகவே அதன் தரவுத்தளம் கெட்டுப்போனால் தயங்காமல் அழித்துவிட்டு, 'இனிட்', 'இண்டெக்ஸ்' என்ற இரண்டு கட்டளைகளால் புதிதாகக் கட்டிக்கொள்ளலாம். சர்வரில் கோப்புறைகளாக மடல்களைப் பிரித்து, பல கருவிகளிலிருந்து அதே கணக்கைத் திறப்பவர்களுக்கு இந்த அடக்கம் மிகப் பொருத்தமானது.

அன்றாடத் தேடலில் மியூவின் கூர்மை அளவு, தேதி, கொடி ஆகியவற்றில் தெரிகிறது. ஐந்து மெகாபைட்டுக்கு மேற்பட்ட, இணைப்பு உள்ள, கடந்த ஆண்டுக்கு முந்தைய மடல்கள் என்ற வினவலை ஒரே வரியில் எழுதிவிடலாம். வட்டில் இடம் விடுவிக்க நினைப்பவர் முதலில் கேட்கும் கேள்வி அதுதான். விடை தனித்தனி மடல்களாக வரும், விரும்பினால் இழையாக அடுக்கிக் காட்டும். மடல்களிலிருந்து திரட்டிய முகவரிகளைத் தேடித்தரும் கட்டளையும், இணைப்புகளைப் பிரித்தெடுக்கும் கட்டளையும் உடன் வருவதால், வேறு முகவரிப் புத்தகம் வைத்துக்கொள்ளாமலே சிலர் காலம் தள்ளுகிறார்கள். ஈமேக்ஸ் பயன்படுத்துவோருக்கு அதனுடன் சேர்ந்தே வரும் மியூ4ஈ என்னும் மடல் நிரல் தனி ஈர்ப்பு. மியூவைத் தேர்ந்தவர்களில் பலர் உண்மையில் தேர்ந்தது அதைத்தான் என்று தோன்றுகிறது. ஸாப்பியன் தரவுத்தளத்தில் ஒரு நேரத்தில் ஒரு செயல்முறை மட்டுமே எழுத முடியும் என்பதால், இடைமுகம் திறந்திருக்கும்போது பின்னணியில் ஓடும் ஸ்கிரிப்ட் அட்டவணையைப் புதுப்பிக்க முயன்றால் மோதல் வரலாம் என்பதை மட்டும் கவனத்தில் கொள்ள வேண்டும்.

மூன்றில் மூத்தது மைரிக்ஸ். நேர ஒத்திசைவுக்கான குரோனி மென்பொருளையும் முதலில் எழுதிய ரிச்சர்ட் கர்னோவின் படைப்பு இது. ஸாப்பியனைச் சார்ந்திராமல் தனக்கென ஓர் எளிய அட்டவணையை வைத்திருக்கிறது. சொற்றொடரை அப்படியே தேட இயலாது. ஆயினும் மற்ற இரண்டும் செய்யாத இரண்டு காரியங்களை இது செய்கிறது. ஒன்று, எம்பாக்ஸ் கோப்புகளை, ஜிஸிப்பில் சுருக்கப்பட்டவை உட்பட, விரிக்காமலே அட்டவணைப்படுத்துகிறது. கூகுள் டேக்அவுட் தரும் மடல் தொகுப்பும் எம்பாக்ஸ் வடிவில்தான் வருகிறது. இரண்டு, எழுத்துப் பிழையைப் பொறுத்துக்கொள்கிறது: சொல்லுக்குப் பின் சமக்குறியும் எண்ணும் இட்டால், அத்தனை எழுத்துகள் வரை பிசகிய வடிவங்களும் பொருந்தும். அனுப்பியவரின் பெயரை எப்படி எழுதினார் என்பது நினைவில்லாதபோது இது கைகொடுக்கும்.

மைரிக்ஸின் விடை திரையில் ஓடும் பட்டியல் அன்று, ஒரு புதிய கோப்புறை. பொருந்திய மடல்களுக்கான சிம்லிங்குகளை (மூலக் கோப்பைச் சுட்டும் இணைப்புகளை), எம்பாக்ஸ் என்றால் நகல்களை, அதில் இட்டுவிடும். மட் போன்ற எந்த மடல் நிரலும் அதைச் சாதாரணக் கோப்புறையாகத் திறக்கும். எளிமையில் பிறந்த அழகான ஏற்பாடு, ஆனால் அதற்கு விலை உண்டு. மெயில்டிரில் படித்த நிலை கோப்பின் பெயரிலேயே இருப்பதால், விடைக் கோப்புறையில் ஒரு மடலைப் படித்ததாகக் குறித்தால் சிம்லிங்கின் பெயர்தான் மாறும், மூல மடல் படிக்காததாகவே நிற்கும். மூலத்தின் பெயர் மாறினால் சிம்லிங்க் அறுந்துவிடும். மியூவும் கேட்டால் இத்தகைய கோப்புறையை உருவாக்கித் தரும், அதற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

தமிழ் மடல்களைத் தேடுவோர் நாட்மச்சில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது சொற்களை வேர்ச்சொல்லாகச் சுருக்குவது ஆங்கில விதிகளின்படி. வேற்றுமை ஏற்றுத் திரியும் தமிழ்ச் சொல்லுக்கு அதனால் பயனில்லை. 'விண்ணப்பம்' என்று தேடினால் 'விண்ணப்பத்தை' என்பது வராது. மாறாத பகுதியை மட்டும் எழுதி, இறுதியில் நட்சத்திரக் குறி இட்டு 'விண்ணப்ப*' என்று தேடுவதே வழி.

பிடிஎஃப் இணைப்பின் உள்ளே இருக்கும் சொற்களை இம்மூன்றும் தேடுவதில்லை, கோப்பின் பெயரோடு நின்றுவிடும். நாட்மச்சில் மறையாக்கம் செய்த மடல்களின் உள்ளடக்கத்தையும் அட்டவணைப்படுத்தும் அமைப்பு உண்டு. அதை இயக்கினால் மறைத்த சொற்கள் தரவுத்தளத்தில் வெளிப்படையாக இருக்கும், ஆகவே வட்டையே மறையாக்கம் செய்யாதவர் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

எதைத் தேர்வது என்று கேட்டால், கோப்புறைகளால் ஏற்கெனவே ஒழுங்காக இருக்கும் கணக்குக்குத் தேடல் மட்டும் வேண்டுபவர் மியூவை எடுக்கலாம். இழக்க எதுவும் இல்லை. கோப்புறைகளையே கைவிட்டு, குவியும் மடல்பட்டியல் விவாதங்களைக் குறிச்சொற்களால் ஆள விரும்புபவருக்கு நாட்மச்சுக்கு ஈடு கிடையாது, இறக்கக் கோப்பைப் பேணும் ஒழுக்கம் இருக்கும் வரை. மைரிக்ஸை அன்றாட அஞ்சல்பெட்டிக்கு நான் இன்று வைக்க மாட்டேன். இனி மாறாத பழைய எம்பாக்ஸ் தொகுப்புகளுக்கு அதைத் தனியே நிறுவி, நடப்பு மடல்களுக்கு மற்ற இரண்டில் ஒன்றை வைத்துக்கொள்வதில் எந்த முரணும் இல்லை, ஏனெனில் இவை ஒன்றின் அட்டவணையை மற்றொன்று தொடுவதில்லை.