கை வலிக்கிற வயதில் .32 பிஸ்டலா, .32 ரிவால்வரா?

கணியம்பாடி, கம்மவான்பேட்டை, குடியாத்தம் என்று எங்கள் வேலூர்ப் பக்கம் எந்த ஊருக்குப் போனாலும் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர்கள் இருப்பார்கள். அவர்களில் சிலரிடம் தற்காப்புக்கு என்று வாங்கிய உரிமத் துப்பாக்கியும் இருக்கும். நாற்பது வயதில் வாங்கியது. இப்போது அறுபத்தைந்து, எழுபது ஆகிறது. விரல் கணு வீங்கி, கட்டைவிரல் அடியில் வலி வந்து, காலையில் சட்டைப் பொத்தான் போடவே நேரம் ஆகிற கை. அந்தக் கையோடு பிஸ்டலின் ஸ்லைடை (மேலே முன்னும் பின்னும் ஓடுகிற பாகம்) இழுக்க முடியவில்லை, ரிவால்வருக்கு மாறிவிடலாமா என்று கேட்கிறார்கள். கடையில் கேட்டால் யோசிக்காமல் 'ரிவால்வர் வாங்கிக்கோங்க சார், ஈசி' என்று சொல்லிவிடுவார்கள். அது பாதிதான் சரி.

என் கணக்கு வேறு. துப்பாக்கியைச் சுட முடிகிறதா என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது, காலி செய்ய முடிகிறதா என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். வீட்டில் இருக்கிற துப்பாக்கியை ஆயுள் முழுக்க ஒருமுறைகூடச் சுடாமல் இருந்துவிடலாம், அப்படித்தான் இருக்கவும் வேண்டும். ஆனால் காலி செய்து காட்டுகிற வேலை வந்துகொண்டே இருக்கும். எண்ணெய் போட, உரிமம் புதுப்பிக்கும்போது காட்ட, ஊருக்குப் போகும்முன் பூட்டி வைக்க, தேர்தல் அறிவிப்பு வந்து ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொன்னால் கொண்டுபோய்க் கொடுக்க. இதில் ஒவ்வொரு தடவையும் உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணால் பார்த்தாக வேண்டும். வலிக்கிற கை அவசரப்படும், பாதி இழுத்துவிட்டு 'காலிதான்' என்று முடிவு செய்யும். விபத்து அங்கேதான் நடக்கிறது.

சரி, என்னென்ன கிடைக்கும்? 9 மி.மீ. தடை செய்யப்பட்ட ரகம், சாதாரண உரிமதாரருக்குக் கிடையாது. ஆகவே கைத்துப்பாக்கி என்றால் பெரும்பாலும் .32 (தோட்டாவின் அளவு, அங்குலக் கணக்கில்) தான், அதில் பிஸ்டல் ஒரு பக்கம், ரிவால்வர் மறுபக்கம். மூன்றாவதாக 12 போர் டபுள் பேரல், அதாவது இரட்டைக் குழல் நீளத் துப்பாக்கி.

முதலில் பிஸ்டல். பட்டாளத்தில் 9 மி.மீ. 1ஏ பிஸ்டலைப் பிடித்துப் பழகியவர்கள் .32-ஐக் கையில் எடுத்ததும், 'சின்னது தானே, லேசாக இருக்கும்' என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. 1ஏ பிரௌனிங் ஹை-பவர் என்கிற பழைய பிஸ்டலின் வழி வந்தது, சுடும் நொடியில் குழலும் ஸ்லைடும் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் சேர்ந்தே பின்னால் போகும், அழுத்தம் குறைந்த பிறகுதான் பிரியும். .32 பிஸ்டல்களில் பெரும்பாலானவற்றில் அந்தப் பூட்டு கிடையாது. ஸ்லைடின் எடையும் அதன் ஸ்பிரிங்கும் மட்டுமே பின்பக்கத்தை மூடிப் பிடித்திருக்கின்றன. பூட்டு செய்கிற வேலையில் ஒரு பங்கை ஸ்பிரிங் சுமக்க வேண்டியிருப்பதால் அதை விறைப்பாக வைக்கிறார்கள். துப்பாக்கியும் சின்னது, பிடித்து இழுக்க ஸ்லைடில் இடமும் குறைவு. அதனால் சின்ன பிஸ்டல் வலிக்கிற கைக்குப் பெரிய பிஸ்டலைவிடக் கடினமாகப் படுவது இயல்புதான், வயதாகிவிட்டது என்று அதற்காக யாரும் மனம் ஒடிய வேண்டாம்.

ஸ்லைடை இழுக்க மூன்று வழி இருக்கிறது, இதில்தான் நிறையப் பேர் தேவையில்லாமல் கஷ்டப்படுகிறார்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பின்பக்கத்தைக் கிள்ளி இழுப்பது முதல் வழி. கட்டைவிரல் அடிமூட்டு தேய்ந்தவர்களுக்கு இது ஆகவே ஆகாது, ஏனென்றால் விரல் நுனியில் ஒரு கிலோ அழுத்தத்தோடு கிள்ளினால் அந்த அடிமூட்டில் ஏறுகிற சுமை அதைப்போல் பன்னிரண்டு மடங்கு வரை போகும். இரண்டாவது, உள்ளங்கையை மேலே கவிழ்த்து, நான்கு விரல்களும் ஒரு பக்கம், உள்ளங்கையின் அடிமேடு மறுபக்கம் என்று ஸ்லைடை இறுக்கிக்கொள்வது. கட்டைவிரலுக்கு இதில் வேலையே இல்லை. மூன்றாவது இதோடு சேர்ந்தது. ஸ்லைடை இழுக்காதீர்கள். கவிழ்த்த கை ஸ்லைடை நெஞ்சுக்கு அருகே அசையாமல் பிடித்திருக்கட்டும், பிடியைப் பிடித்திருக்கிற கை துப்பாக்கியை முன்னால் தள்ளட்டும். தோளும் மேல்கையும் வேலை செய்யும், விரல் வெறுமனே பிடித்திருக்கும். கையில் வலு போனாலும் தோளில் வலு மிச்சம் இருக்கிறவர்கள் நிறையப் பேர். கிள்ளி இழுக்க முடியாதவர்களில் பலருக்கு இப்படித் தள்ளினால் முடிந்துவிடும்.

ஆனால் இதில் ஒரு ஆபத்து இருக்கிறது, அதைச் சொல்லாமல் இந்த வழியை மட்டும் சொல்லித்தருவது தவறு. நெஞ்சருகே வைத்துத் தள்ளும்போது குழல் தானாகவே இடப்பக்கம் திரும்பும், பக்கத்தில் நிற்கிறவரையோ சொந்த முழங்கையையோ பார்க்கும். உடம்பைத் திருப்பி நில்லுங்கள், குழல் பாதுகாப்பான திசையையே பார்த்திருக்கட்டும். விரல் டிரிகர் பக்கமே வரக் கூடாது. ஸ்லைடை இழுத்ததும் தோட்டா வெளியே விழுகிறதே, ஸ்லைடில் இருக்கிற அந்தத் திறப்பை உள்ளங்கையால் மூடவும் கூடாது. வரிசையும் மாறக் கூடாது, முதலில் மேகசினை (பிடிக்குள் இருக்கிற தோட்டாப் பெட்டியை) எடுங்கள், அப்புறம் ஸ்லைடு. மேகசினை வைத்துக்கொண்டே ஸ்லைடை இழுத்தால் வெளியே போன தோட்டாவுக்குப் பதிலாக இன்னொன்று சேம்பருக்குள் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காருகிற அறைக்குள்) ஏறி உட்கார்ந்துவிடும்.

வெளியே ஹேமர் (தோட்டாவை வெடிக்கவைக்கிற சுத்தி) தெரிகிற பிஸ்டலாக இருந்தால் இன்னொரு வசதி உண்டு. காலித் துப்பாக்கியில் ஹேமரை முன்கூட்டியே பின்பக்கமாகத் தூக்கி வைத்துவிட்டால் ஸ்லைடு அந்த ஸ்பிரிங்கையும் சேர்த்துத் தள்ள வேண்டியதில்லை, இழுப்பு நன்றாகவே இளகும். சேம்பரில் தோட்டா இருக்கும்போது இந்த வேலை வேண்டாம். வால்தர் பிபி மாதிரிப் பழைய துப்பாக்கி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும், ஸ்லைடைத் திறந்து நிறுத்த அதில் வெளி லீவர் கிடையாது. காலி மேகசினைப் போட்டு இழுத்தால் திறந்தபடி நிற்கும், மேகசினை எடுத்துவிட்டு இழுத்தால் ஒரு கையால் பிடித்துக்கொண்டேதான் சேம்பரைப் பார்க்க வேண்டும். நடுங்குகிற கைக்கு அது பெரிய வேலை.

மேகசினில் தோட்டா அடைப்பது தனி வேதனை. கடைசி இரண்டு தோட்டாவுக்குக் கட்டைவிரல் நகம் பிய்ந்துவிடும் போலிருக்கும். லோடர் என்று ஒரு சின்ன பிளாஸ்டிக் சாமான் இருக்கிறது, மேகசினுக்குப் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

பிஸ்டலுக்கு எதிராக நான் வைக்கிற பெரிய புகார் ஸ்லைடு இல்லை, பிடி. தளர்ந்த மணிக்கட்டோடு சுட்டால் ஸ்லைடோடு சேர்ந்து துப்பாக்கி முழுவதுமே பின்னால் போகும், ஸ்லைடு முழுத் தூரம் ஓடாது, தோட்டா சிக்கும். சிக்கினால் எடுக்க மறுபடி ஸ்லைடைத்தான் இழுக்க வேண்டும். எந்தக் கையால் முடியவில்லையோ அந்தக் கையிடமே, பதற்றமான நேரத்தில், அதே வேலை திரும்பி வருகிறது.

இப்போது ரிவால்வர். ஸ்லைடு கிடையாது, மேகசின் கிடையாது, ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் மறுபடி டிரிகரை அழுத்தினால் அடுத்தது வரும். இதெல்லாம் உண்மை. ஆனால் ஸ்லைடில் மிச்சமான பாரம் டிரிகரில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. டபுள் ஆக்‌ஷனில் (ஹேமரைக் கையால் தூக்காமல் டிரிகரால் மட்டுமே சுடுவது) டிரிகரை முழுக்க இழுக்க நான்கைந்து கிலோ வரை வேண்டும், அதுவும் ஒரே ஒரு விரலால். சர்க்கரை நோயாளிகளுக்கு அடிக்கடி வருகிற விரல் மடங்கிச் சிக்கிக்கொள்ளும் தொந்தரவு ஆள்காட்டி விரலில் இருந்தால் இது நடக்காத காரியம். விரல் நுனியால் இழுக்காமல் முதல் கணு மடிப்பால் இழுத்தால் கொஞ்சம் தேவலை. ஹேமரைத் தூக்கி வைத்துச் சுட்டால் பாரம் பாதிக்கும் கீழே இறங்கும், ஆனால் தூக்குவது கட்டைவிரல், வலிப்பதும் அதேதான். பிடித்திருக்காத கையின் கட்டைவிரலால் தூக்கப் பழகலாம். அதைவிடப் பெரிய கவலை, தூக்கிய ஹேமரைச் சுடாமல் கீழே இறக்குவது. டிரிகரை அழுத்திக்கொண்டே வலிக்கிற கட்டைவிரலால் ஹேமரைப் பிடித்து மெல்ல விட வேண்டும், வழுக்கினால் வெடிக்கும். கை தளர்ந்தவர்கள் வீட்டில் ஹேமரைத் தூக்கவே கூடாது என்பேன்.

காலி செய்வதில் ரிவால்வருக்குள்ளேயே இரண்டு ஜாதி இருக்கிறது, கடையில் இதைப் பிரித்துச் சொல்ல மாட்டார்கள். கான்பூரிலிருந்து வருகிற பழைய .32 ரிவால்வரும், 2014-இல் வந்த நிர்பீக் என்கிற ரிவால்வரும் பழைய பிரிட்டிஷ் வெப்லி ரிவால்வரின் வழி, நடுவில் மடிகிறவை. பக்கவாட்டு லீவரைக் கட்டைவிரலால் அழுத்தி, குழலைக் கீழே தள்ளினால் ஆறு தோட்டாவும் மேலே எழும்பி வரும். லீவர் விறைப்பாக இருந்தால் அதே கட்டைவிரல் பிரச்சினை, ஆனால் குழல் நீளம் நெம்புகோலாக உதவுவதால் மற்ற வேலை சுலபம். 2023-இல் வந்த பிரபல் என்கிற ரிவால்வர் வேறு மாதிரி, உருளை பக்கவாட்டில் திறக்கும், அப்புறம் கம்பியை உள்ளங்கையால் அழுத்தினால் தோட்டா விழும். கட்டைவிரல் மட்டும் கெட்டு உள்ளங்கை நன்றாக இருப்பவர்களுக்கு இந்த இரண்டாவது ரகம்தான் என் தேர்வு. எந்த ரகமானாலும் திறந்ததும் ஆறு ஓட்டையும் ஒரே பார்வையில் தெரிகிறது. பிஸ்டலில் சேம்பரை எட்டிப் பார்க்க வேண்டும். கண்புரை உள்ளவருக்கு இந்த வித்தியாசம் பெரிது.

எடையைப் பார்த்து மயங்க வேண்டாம். நிர்பீக் அரைக் கிலோதான், தூக்க சுகம், ஆனால் லேசான துப்பாக்கி சுடும்போது அதிகம் உதைக்கும், வீங்கின கணுவுக்கு அந்த உதை நேராகப் போகும். .32 ரிவால்வர் தோட்டா மிதமானது என்பதால் தாங்கலாம், அவ்வளவுதான். பிடிக்கு மேல் ரப்பர் உறை போட்டுக் கொஞ்சம் பருமனாக்கினால் இரண்டு ரகத்திலும் பலன் உண்டு. மூட்டு நோயாளிகளுக்குக் கரண்டிக் காம்பைத் தடிமனாகச் சுற்றித் தருகிறார்களே, அதே காரணம்தான். டிரிகர் லேசாக இழுபட உள்ளே ஸ்பிரிங்கை இளக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கொடுக்காதீர்கள், ஹேமர் அடி பலவீனமாகித் தோட்டா வெடிக்காமல் போகலாம். உரிமம் உள்ள ஆயுதக் கடை தவிர வேறு யாரும் உள்ளே கை வைக்கவும் கூடாது.

12 போர் பற்றிச் சுருக்கமாக. பாரம் மூன்று கிலோவுக்குப் பக்கம், உதையைத் தோள் வாங்கிக்கொள்ளும், திறப்பதற்குத் தொடையில் வைத்து மடக்கலாம், விரலுக்கு வேலை குறைவு. தோட்டத்து வீட்டில் தனியாக இருப்பவருக்கு இது மோசமில்லை. அமெரிக்காவில் 2018-இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஸ்லைடு இளகலான ஷீல்டு ஈஸி என்று ஒன்றைக் கொண்டுவந்தது, பெரெட்டாவில் ஸ்லைடை இழுக்காமலே குழலை மேலே தூக்கித் தோட்டா போடுகிற மாடல்கள் இருக்கின்றன. காணொளியில் பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள். நம் உரிமத்துக்கு அதெல்லாம் கடையில் கிடைக்காது, அதை நினைத்து நேரத்தைப் போக்க வேண்டாம்.

எந்தத் துப்பாக்கி என்பதற்கு முன்னால் எந்தக் கை என்று தெரிய வேண்டும். தேய்மான வாதத்தில் காலை விறைப்பு அரைமணிக்குள் விட்டுவிடும். முடக்குவாதத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேலும் நிற்கும், இரண்டு கையையும் சேர்த்துப் பிடிக்கும். 2006-இல் சிக்குன்குன்யா வந்தபோது காய்ச்சல் போயும் மாதக்கணக்கில் கை மடங்காமல் கிடந்தவர்களை இங்கே எல்லாருக்கும் தெரியும். இது எது என்று பார்க்க நாம் எங்கேயும் ஓட வேண்டியதில்லை. 1940-களின் கடைசியில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயில் முடங்கிய கைகளுக்குத் தசைநாண் மாற்று அறுவை செய்து காட்டியது இதே வேலூர் சிஎம்சியில்தான், கைக்கென்றே மருத்துவம் வளர்ந்த ஊர் இது. அவர் திரும்பத் திரும்பச் சொன்ன விஷயம் இங்கே நேராகப் பொருந்தும், வலி இல்லாத கைதான் அதிக ஆபத்தில் இருக்கிறது. சர்க்கரையால் விரல் மரத்துப் போனவருக்கு வலு இருக்கலாம், ஸ்லைடை லேசாக இழுக்கலாம், ஆனால் டிரிகர் மேல் விரல் பட்டிருப்பது அவருக்கே தெரியாது. வலிக்கிற கைக்கு வழி இருக்கிறது. மரத்த கையில் எந்தத் துப்பாக்கியும் வேண்டாம், ரிவால்வரும் வேண்டாம், 12 போரும் வேண்டாம்.

மற்றவர்கள் இப்படிச் சோதித்துப் பாருங்கள். மருந்து போடுவதற்கு முன், வெந்நீர் படுவதற்கு முன், விறைப்பு அதிகமாக இருக்கிற காலை வேளையில், தோட்டா எல்லாவற்றையும் வேறு அறையில் வைத்துவிட்டு, துப்பாக்கி காலி என்று இன்னொருவரும் பார்த்த பிறகு, டம்மி ரவுண்டு (மருந்தில்லாத போலித் தோட்டா) போட்டு எடுங்கள். குழலைத் திசை மாற்றாமல், நிதானமாக, தொடர்ந்து சில தடவை காலி செய்ய முடிந்தால் அந்தத் துப்பாக்கி உங்களுடையது. தள்ளும் முறையில் பிஸ்டல் முடிகிறது என்றால் மாற்ற வேண்டாம், பழகின துப்பாக்கிக்கு மதிப்பு உண்டு. பிஸ்டலில் முடியாமல் ரிவால்வர் டிரிகர் முடிந்தால் மாறுங்கள். இரண்டும் முடியாவிட்டால் 'நைனா, குடுத்துடலாம் நைனா' என்று வீட்டில் பிள்ளைகள் சொல்வதைக் கேளுங்கள். அது தோல்வி இல்லை, சட்டத்திலேயே அதற்கு இடம் வைத்திருக்கிறார்கள். 2016 ஆயுத விதிகளின்படி உரிமதாரருக்கு எழுபது வயது ஆனாலோ, துப்பாக்கியை வைத்து இருபத்தைந்து வருடம் ஆனாலோ, எது முந்துகிறதோ அப்போதே, உயிரோடு இருக்கும்போதே வாரிசு பெயருக்கு உரிமம் கேட்கலாம். வாரிசுக்குத் தகுதி இருக்கிறதா என்று போலீஸ் விசாரிக்கும். பழைய வட ஆற்காடு முத்திரை போட்ட உரிமப் புத்தகம் வைத்திருப்பவர்கள், 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததால், இப்போது தங்கள் ஊர் எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ அந்தக் கலெக்டர் அலுவலகத்தில் கேட்க வேண்டும். வேலூர்க்காரர்களுக்குச் சத்துவாச்சாரி.