பழைய பிக்கப்: பிரித்துப் புதுசாக்குவதா, இருப்பதைக் காப்பதா?

எழுபது வயதைத் தாண்டிய ஒரு பிக்கப் டிரக்கை வாங்குகிறவர் முன்னால் இரண்டு பெரிய வழிகள் இருக்கின்றன. சேஸிலிருந்து கேபினைத் தூக்கி, கடைசி போல்ட் வரை பிரித்து, பழைய பெயின்ட்டைச் சுரண்டி எடுத்து, தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே திரும்பக் கட்டலாம். இல்லாவிட்டால் பழைய பெயின்ட், உரசல், நசுங்கல் எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு, ஓடும் பாகங்களை மட்டும் சரிபார்த்து, துருவை மேலே பரவாமல் பிடித்து நிறுத்தலாம். நான் இரண்டாவது வழியை எடுத்தவன். அதனால் இந்த அலசலும் அந்தப் பக்கம்தான் சாயும்.

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. வெளித்தோற்றத்தை வைத்துக்கொண்டு உள்ளே புது இன்ஜின், புது சஸ்பென்ஷன், ஏசி என்று மாற்றிவிடுவது. ஓட்ட சுகமாக இருக்கும், பிரேக்கும் நன்றாகப் பிடிக்கும். ஆனால் அது இன்னொரு வண்டி கட்டும் வேலை. அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

என்னிடம் இருப்பது 1951 மாடல் செவர்லே 3100. 1947-இல் வந்த அட்வான்ஸ் டிசைன் வரிசையைச் சேர்ந்தது. 1955 வரை அந்த உருவம் விற்பனையில் இருந்தது. 1951-இல்தான் கதவில் சின்ன வென்ட் கண்ணாடி, அதாவது காற்றுக்காகத் திருப்பித் திறக்கும் முக்கோணக் கண்ணாடி, வந்தது. 1952-இல் கீழே திருகும் கைப்பிடியை எடுத்துவிட்டுப் பொத்தானை அழுத்தித் திறக்கும் கைப்பிடி போட்டார்கள். ஆக, வென்ட் கண்ணாடியும் திருகும் கைப்பிடியும் ஒரே கதவில் சேர்ந்திருந்தால், யாரும் கதவை மாற்றாத வரைக்கும், அது 1951 வண்டி. பழைய வண்டியின் அருமை இந்த மாதிரி சின்னச் சின்ன அடையாளங்களில்தான் இருக்கிறது. முழுசாகப் பிரித்துக் கட்டும்போது முதலில் காணாமல் போவதும் இவைதான்.

எல்லாருக்கும் தெரிந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். புதுசாக்கிய வண்டி கண்ணுக்கு அழகு. இருப்பதைக் காப்பது ஆரம்பச் செலவில் குறைவு. புதுசாக்குவதற்கு நேரமும் பணமும் போட்ட கணக்கைத் தாண்டும். இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்காது.

பழைய வண்டிச் சங்கங்களின் உலகக் கூட்டமைப்பான ஃபீவா 2012-இல் டூரின் சாசனம் என்று ஒன்றை ஏற்றுக்கொண்டது. பழைய கட்டடங்களைக் காப்பதற்காக 1964-இல் எழுதப்பட்ட வெனிஸ் சாசனத்தின் வழியில் வந்தது அது. இருப்பதைக் காப்பதுதான் முதலில், அது முடியாத இடத்தில்தான் புதுப்பித்தல் என்பதுதான் அதன் சாரம். சாசனம் சொல்வதால் மட்டும் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் ‘துருப்பிடித்ததை அப்படியே விட்டு வைப்பது சோம்பேறித்தனம்’ என்று சொல்கிறவர்களுக்கு இது நல்ல பதில்.

புதுசாக்கியதாகச் சொல்லப்படும் பல வண்டிகள் தொழிற்சாலையிலிருந்து அப்படி வந்ததே இல்லை. இந்த வரிசை டிரக்கின் பின்தொட்டியில் தரை மரப்பலகை. அதில் பைன் மரத்தைப் போட்டுச் சாதாரணமாகப் பெயின்ட் அடித்து அனுப்பினார்கள். மண்ணும் கல்லும் ஏற்றுகிற இடம், அவ்வளவுதான். இன்றைக்குப் புதுப்பித்த வண்டிகளில் பாருங்கள்: ஓக் பலகை, அதன் மேல் பளபளவென்று வார்னிஷ், நடுவில் பாலிஷ் போட்ட ஸ்டீல் பட்டை. கிரில்லும் அப்படித்தான். பெயின்ட் அடித்தே வந்த கிரில்லுக்குக் குரோம் பூசிவிடுகிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 1951-இல் ஒரு விவசாயியோ தச்சரோ வாங்கிய வேலை வண்டி அதில் தெரியாது.

என் வண்டியின் கதவில் முன்பு யாரோ ஒரு வியாபாரி தன் கடைப்பெயரைத் தூரிகையால் எழுதி வைத்திருந்திருக்கிறார். எழுத்துப் பெயின்ட் எப்போதோ உதிர்ந்துவிட்டது. ஆனால் அத்தனை வருட வெயிலில் சுற்றியுள்ள பச்சை வெளுத்துப்போக, எழுத்து மூடியிருந்த இடம் மட்டும் கரும்பச்சையாக நிற்கிறது. நேராக நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. பக்கவாட்டில் குனிந்து வெளிச்சத்துக்கு எதிராகப் பார்த்தால் முழுப்பெயரும் படிக்க முடிகிறது, எழுதியவர் தூரிகையைத் திருப்பிய வளைவு உட்பட. இதை எந்தப் பெயின்ட் கடையிலும் திரும்பச் செய்து வாங்க முடியாது.

சரி, இதெல்லாம் ஆசை சார்ந்தது. முடிவை உண்மையில் தீர்மானித்தது வேறொன்று: வேலை முடிந்த பிறகு வண்டியை வருடக்கணக்கில் எப்படிப் பராமரிப்பது என்பது. புதுசாக்கும் யோசனையில் இருப்பவர்கள் இதைப் போதுமான அளவு யோசிப்பதில்லை என்று நினைக்கிறேன்.

முழுசாகப் புதுசாக்கிய ஒரு வண்டியின் மட்கார்டில் ஒரு நீளமான கீறல் விழுகிறது என்று வையுங்கள். இன்றைய பெயின்ட் இரண்டு அடுக்கு: நிறம் ஒன்று, மேலே கிளியர் கோட் என்ற நிறமற்ற பூச்சு ஒன்று. கீறிய இடத்தில் மட்டும் தொட்டால் திட்டாகத் தெரியும். அதனால் மட்கார்டு முழுவதையும் தேய்த்து அடிக்க வேண்டும். நிறம் பக்கத்துப் பேனலோடு ஒட்டவில்லை என்றால் கதவுக்கும் லேசாகத் தெளித்து ஒப்பேற்ற வேண்டும். சேஸுக்கும் அடிப்பாகத்துக்கும் பளபளப்பாக அடித்திருந்தால் சரளைக்கல் தெறித்த ஒவ்வொரு புள்ளியும் வெளியே தெரியும். அங்கே தண்ணீர் பெயின்ட்டுக்கு அடியில் புகுந்து பரவும், கொப்புளம் கிளம்பும் வரை நமக்குத் தெரியாது. இதன் விளைவை நிறைய பார்க்கலாம்: வண்டியைக் கண்காட்சிக்கு டிரெய்லரில் ஏற்றிப்போய் டிரெய்லரில் கொண்டுவருவார்கள். பாரம் ஏற்றுவதற்காகச் செய்த வண்டியில் ஒரு மூட்டையைக்கூட வைக்கத் தயங்குவார்கள்.

பழைய பெயின்ட் உள்ள வண்டியில் அதே கீறல் விழுந்தால்? துடைத்து, உலர விட்டு, தகடு தெரிகிற இடத்தில் வாக்ஸ் தேய்த்துவிட்டால் அன்றைக்கே வேலை முடிந்தது. பழுது எங்கேயோ அங்கே மட்டும்தான் கை வைக்கிறோம். ஒரு இடத்தைச் சரிசெய்தால் மற்ற இடம் மங்கலாகத் தெரியும் என்ற கவலை இல்லை. இந்த ஒரு வித்தியாசம்தான் எனக்கு எல்லாவற்றையும் முடிவு செய்தது.

ஆனால் காப்பது என்றால் சும்மா விடுவது இல்லை. இதிலும் ஒழுங்காகச் செய்ய வேண்டிய வேலை நிறைய. அந்தக் காலத்து டிரக் பெயின்ட் ஒற்றை அடுக்கு எனாமல், மேலே கிளியர் கோட் கிடையாது. வெயிலில் மேல்பரப்பு வெளுத்துச் சுண்ணாம்புபோல ஆகிவிடும். ஈரமான பனியன் துணியால் ஒரு மூலையைத் தேய்த்துப் பாருங்கள், துணி பச்சையாகிவிடும். துணியில் ஒட்டுவது அழுக்கு இல்லை, பெயின்ட்டேதான். அதனால் ரப்பிங் கம்பவுண்டு போட்டு மெஷினால் தேய்ப்பது இந்த வண்டிக்கு ஆகாது. விளிம்புகளிலும் மடிப்புகளிலும் பெயின்ட் ஏற்கெனவே மெலிந்திருக்கும், இரண்டு சுற்றில் தகடு வந்துவிடும். மென்மையான சோப்புத் தண்ணீரில் கழுவி, காய்ந்த பெயின்ட்டுக்குக் கொஞ்சம் எண்ணெய்ப்பசை ஏற்றி, கையால் வாக்ஸ் போடுவதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. நிறம் ஓரளவு திரும்ப வரும், புதுப் பளபளப்பு வராது. அதை எதிர்பார்க்கவும் கூடாது. அப்புறம், பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்ப வேண்டாம்.

மேலோட்டமான துரு அவ்வளவு ஆபத்தில்லை. உலர்வாக வைத்து வாக்ஸ் போட்டால் அப்படியே நிற்கும். டானிக் அமிலம் கலந்த துரு மாற்றி ஒன்றைத் தடவினால் துரு கறுத்து, இறுகி, நிலையாகிவிடும். ஆனால் கறுப்புத் திட்டாகத் தெரியும் என்பதால் கண்ணில் படும் இடங்களில் நான் அதைப் போடுவதில்லை. சேஸ், ஃபுட்போர்டின் அடிப்பக்கம், மட்கார்டின் உட்பக்கம் ஆகியவற்றுக்கு அது சரி. உண்மையான எதிரி மடிப்புக்குள் இருக்கிற துரு. இரண்டு தகடு சேரும் இடத்தில் ஈரம் தங்கி உள்ளிருந்து தின்னும், வெளியே ஒரு புள்ளி தெரியும்போது உள்ளே பாதி போயிருக்கும். அங்கே நீளக் குழாய் வைத்த ஸ்ப்ரேயால் லானோலின் (ஆட்டு ரோமக் கொழுப்பு) கலந்த கசியும் வாக்ஸைச் செலுத்த வேண்டும். ஒரு தடவை செய்துவிட்டு மறந்துபோகிற வேலை இல்லை இது, ஈரக்காலம் வருவதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும்.

பலர் இங்கே ஒரு குறுக்குவழி எடுக்கிறார்கள்: துருவும் பழைய பெயின்ட்டும் இருக்கிற நிலையிலேயே மேலே கிளியர் கோட் அடித்துவிடுவது. நான் என் வண்டியில் அதைச் செய்யவில்லை. அதனால் சொந்த அனுபவம் இல்லை, மற்றவர்கள் வண்டிகளில் பார்த்ததுதான். தளர்ந்த துருமேல் கிளியர் சரியாகப் பிடிக்காது. ஒரு இடத்தில் தூக்கிக்கொண்டால் அடியில் ஈரம் போய், பால் நிறமாக வெளுத்து உரியும். அதை எடுக்கப் போனால் பழைய பெயின்ட்டும் கூடவே வந்துவிடும். வேகவைத்த ஆளிவிதை எண்ணெய் பூசுவது இன்னொரு பழக்கம். நிறம் ஆழமாகத் தெரியும், உண்மைதான். ஆனால் காயும்வரை தூசியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், நாளாக ஆக மஞ்சளாகும். அதைப் பூசிய துணியைக் குவித்துப் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். பூசுகிறவர்கள் துணியை விரித்து உலர்த்துங்கள், அல்லது தண்ணீரில் போட்டு வையுங்கள்.

மெக்கானிக்கல் வேலையில் இரண்டு வழிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதில் ‘பழசை அப்படியே விடுவது’ என்ற பேச்சுக்கே இடமில்லை. பிரேக் ஹோஸ், வீல் சிலிண்டர், பெட்ரோல் குழாய், டயர் எல்லாம் புதுசாக வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோல் அந்தக் காலத்து ரப்பரை அரிக்கும், டேங்கில் ஈரத்தையும் சேர்க்கும். இந்த வரிசையில் 1949 முதல் டேங்க் கேபினுக்குள் சீட்டுக்குப் பின்னால் இருக்கிறது என்பதால் குழாய் விஷயத்தில் சமரசமே கூடாது. பிரேக்கில் ஒற்றைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர்தான். ஒரு இடத்தில் ஒழுகினால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றுகிறது என்று உடனே 12 வோல்ட்டுக்கு மாற்றிவிடாதீர்கள். இந்த வண்டி 6 வோல்ட்டில் ஓடுவது. அதில் அதே வேலைக்கு இரண்டு மடங்கு கரன்ட் ஓட வேண்டும், அதற்குத் தடியான கேபிள் வேண்டும். முன்பு யாராவது 12 வோல்ட் வண்டியின் மெல்லிய கேபிளைப் போட்டிருந்தால் அதுதான் கோளாறு. இதன் 216 கியூபிக் இன்ச் இன்ஜினில் பாபிட் என்ற மென்மையான உலோகக் கலவையில் செய்த ராட் பேரிங்குக்கு முழு அழுத்தத்தில் ஆயில் போகாது, கனெக்டிங் ராடின் அடியில் உள்ள சின்னக் கரண்டி ஆயிலை வாரிக்கொள்ளும் அமைப்பு. பின் ஆக்சில் விகிதம் 4.11, அதாவது டாப் கியரில்கூடச் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற இன்ஜின் நான்கு சுற்றுக்கு மேல் சுற்ற வேண்டும். ஆக, மணிக்கு 70 கிலோமீட்டரை ஒட்டி நிதானமாக ஓட்டுவதற்கான வண்டி அது. புதுசாக்கினாலும் இது மாறாது.

புதுசாக்குவதுதான் சரி என்று நானே சொல்லும் இடங்கள் உண்டு. கேபின் பின்மூலைகளின் அடிப்பாகம், தரைத்தகடு, கேபின் மவுன்ட் ஆகிய மூன்றும் போயிருந்தால் கேபினைத் தூக்காமல் வேலை நடக்காது. தூக்கிய பிறகு பாதியில் நிறுத்துவதிலும் அர்த்தமில்லை. அதேபோல, இருக்கும் பெயின்ட் தொழிற்சாலைப் பெயின்ட்தானா என்று முதலில் பாருங்கள். பெயின்ட் தடிமன் அளக்கும் மீட்டரை வண்டி முழுக்க வைத்துப் பார்த்தால், பட்டி போட்ட இடத்தில் எண் ஆயிரம் மைக்ரானைத் தாண்டி எகிறும். மீட்டர் இல்லை என்றால் மெல்லிய துணி சுற்றிய காந்தம் போதும், பட்டிமேல் ஒட்டாது. எப்போதோ ஒருவர் மலிவாக மறுபெயின்ட் அடித்துப் பாதியைப் பட்டியால் நிரப்பியிருந்தால் அங்கே காப்பாற்ற ஒன்றும் மிச்சமில்லை. தாராளமாகப் பிரிக்கலாம்.

ஒரு மூலை மட்டும் போயிருந்தால் நடுவழி இருக்கிறது. அந்தத் துண்டை மட்டும் வெட்டி, புதுத் தகடு வெல்டிங் செய்து, சுற்றியுள்ள பெயின்ட்டில் சூடு ஏறாமல் ஈரத்துணி கட்டி, புதுத் தகட்டுக்கு வெளுத்த பச்சையைக் கலந்து மங்கலாக அடித்துவிடலாம். இதற்கு நிறம் கலப்பதில் கை தேர்ந்த ஆள் வேண்டும், அவர் கிடைப்பதுதான் கஷ்டம்.

மறுவிற்பனை பற்றி நான் உறுதியாகப் பேச முடியாது, விற்றுப் பார்த்ததில்லை. ஒரு கணக்கு மட்டும் சொல்லலாம். இந்த வரிசைக்கு மட்கார்டு முதல் ரப்பர் பீடிங் வரை புது உதிரிப்பாகம் இன்றும் தயாராகிறது, அதனால் புதுசாக்கிய வண்டிகள் இன்னும் வந்துகொண்டே இருக்கும். கை படாத வண்டிகள் குறைய மட்டுமே முடியும். வாங்க வருகிறவர் அதை மதிக்கிறவராக இருந்தால் விலை வரும். இல்லாவிட்டால் அவர் கண்ணுக்கு அது பெயின்ட் போன வண்டிதான், பெயின்ட் செலவைக் கழித்துத்தான் விலை பேசுவார். விற்பதற்காகவே வாங்குகிறவர் எந்த மாதிரி ஆளிடம் விற்கப்போகிறார் என்பதை முதலில் யோசித்துக்கொண்டு, அதற்கு அப்புறம் ஸ்பேனரை எடுக்கட்டும்.