கொழுந்துக் கணக்கை விழுங்கிய சேவ் பட்டன்

இலங்கை ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து நிறுவைத் தரவு சேர்க்கும் சின்னக் குழு நாங்கள். காசு கொடுத்து வாங்கிய ஒரு புள்ளிவிபர மென்பொருளைச் சில வருஷமாகப் பாவிக்கிறோம். பெயர் வேண்டாம், பிழையைத் திருத்திவிட்டார்கள். சராசரி, குறுக்கட்டவணை, பின்னடைவுப் பகுப்பாய்வு எல்லாம் மெனுவிலேயே கிடைக்கும். கோடிங் தெரியாத பிள்ளைகளும் சீக்கிரம் பழகிவிடுகிறார்கள். பழைய மடிக்கணனியிலும் ஓடும். இவ்வளவும் நல்லது. வினையெல்லாம் சேவ் பண்ணும் இடத்தில்தான் இருந்தது.

எங்கள் தரவில் காலை, பகல், அந்தி என்று மூன்று நிறுவை. மூன்றையும் கூட்டினால்தான் ஓர் ஆளுக்கு அன்றைக்கு முழுப்பேரா (முழுநாள் சம்பளம்) அரைப்பேரா (அரைநாள் சம்பளம்) என்று சொல்லலாம். நிரல்களுக்கு, அதாவது அட்டவணையின் செங்குத்து வரிசைகளுக்கு, கொழுந்துநிறுவை_காலை, கொழுந்துநிறுவை_பகல், கொழுந்துநிறுவை_அந்தி என்று பெயர் வைத்திருந்தோம். சேவ் பண்ணும்போது ஒரு முணுமுணுப்பும் இல்லை. அடுத்த நாள் கோப்பைத் திறந்த தங்கச்சி கூப்பிட்டாள்: "அண்ணே, அந்திக் கொழுந்து மட்டுந்தான் இருக்கு, மத்த ரெண்டையும் காணோம்!"

இருந்த ஒரு நிரலின் தலைப்பும் முழுசாக இல்லை. ‘கொழுந்துநி’ என்று நின்று, பக்கத்தில் ஒரு கறுப்புக் கட்டம். அதுதான் துப்பு. எழுத்துகளைக் கணனி சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட் இடம் பிடிக்கும். ‘நி’ நம் கண்ணுக்கு ஒரு எழுத்து, கணனிக்கு ந-வும் விசிறியும் ( ி ) தனித்தனி, ஆக 6 பைட். ‘கொழுந்துநி’ வரை 30 பைட். கோப்பு வடிவம் பெயருக்கு விட்ட இடம் 32 பைட். மிச்ச 2 பைட்டில் ‘ற’ பாதியில் அறுந்து கட்டமாகிவிட்டது. மூன்று பெயரும் ஒரே இடத்தில் வெட்டுப்பட்டதால் மூன்றும் ஒன்றாகி, கடைசியில் எழுதியது முதலிரண்டையும் மூடிவிட்டது. ஆங்கிலப் பெயர் வைக்கிறவருக்கு 32 எழுத்து தாராளம். அதனால் இது யார் கண்ணிலும் படாமலே கிடந்திருக்கும்.

மென்பொருள்காரருக்கு அனுப்பிய முதல் முறைப்பாட்டுக்கு வந்த பதில் நீங்கள் ஊகித்ததுதான்: மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி நிறுவிப் பாருங்கள். கோபப்பட்டு எழுதிப் பிரயோசனமில்லை. அவர்கள் மேசையில் அதே பிழை வரவேண்டும், அவ்வளவுதான். எங்கள் கோப்பை அப்படியே அனுப்பவும் முடியாது, அதில் தொழிலாளரின் பெயரும் பதிவு இலக்கமும் இருக்கின்றன. அதனால் அதே தலைப்புகளோடு மூன்று நிரல், மூன்று வரி, உள்ளே வெறும் 1, 2, 3 போட்டு ஒரு பொய்த்தரவு செய்தோம். சேவ் பண்ணுமுன் எடுத்த படம், திறந்த பின் எடுத்த படம், மென்பொருளின் பதிப்பு எண், விண்டோஸ் பதிப்பு, எந்த மெனுவில் எதை அழுத்தினோம் என்ற வரிசை, பைட் கணக்கு எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பினோம். தமிழ் தெரியாத ஒருவர்தான் பார்த்திருப்பார், ஆனால் பைட் கணக்குக்கு மொழி எதற்கு? இந்தத் தடவை பிழையை ஒப்புக்கொண்டு பதில் வந்தது.

மற்றப் புள்ளிவிபர மென்பொருள்களும் இந்த ஆற்றைக் கடந்துதான் வந்திருக்கின்றன. ஸ்டேட்டா 2015இல் வந்த 14ஆம் பதிப்பில்தான் எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான யூனிகோடுக்கு மாறியது. விண்டோஸில் ஆர் (R) என்ற மென்பொருள் யூடிஎஃப்-8ஐத் தன் இயல்பான முறையாக எடுத்துக்கொண்டது 2022இல், 4.2.0 பதிப்பில். எஸ்பிஎஸ்எஸ்ஸில் மாறியின் (அதாவது நிரலின்) பெயருக்கு 64 பைட், தமிழில் போட்டால் 21 குறியீடு.

திருத்தம் அடுத்த பதிப்பில் வந்தது. இப்போது பெயர் நீண்டால் எச்சரிக்கை வருகிறது, சுருக்கும்வரை சேவ் ஆகாது. இடத்தைக் கூட்டவில்லை, அது எனக்குக் குறைதான். ஆகவே நிரலுக்கு நிறுவை1, நிறுவை2 என்று குட்டிப் பெயரும் விளக்கக் குறிப்பில் முழுத்தமிழும் வைக்கிறோம். வேலை முடிந்ததும் சிஎஸ்வியாக (வெறும் எழுத்துக் கோப்பாக) ஒரு பிரதி எடுத்து, நோட்பேடில் திறந்து தலைப்பு வரியைப் பார்த்த பிறகுதான் கணனியை மூடுகிறோம். முன்பு அழிந்த நிரல்களைப் புதிய பதிப்பாலும் மீட்க முடியவில்லை. நிறுவைப் புத்தகங்களை மறுபடி வாங்கிவந்து தங்கச்சிதான் தட்டிக்கொண்டிருக்கிறாள்.